ஒரே ராத்திரி, இரண்டு கதை

சிறுகதைப் பட்டறைகளில் புதியவர்களுக்குத் தவறாமல் சொல்லப்படும் யோசனை ஒன்று உண்டு: முடிவை வாசகர் ஊகித்துவிடக் கூடாது. பாப்பிரெட்டிப்பட்டி, பொம்மிடி, அரூர் பக்கம் தெருக்கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது விநோதமாகத்தான் படும். கர்ண மோட்சம் பார்க்கப் பாயும் போர்வையுமாக வந்து உட்காரும் ஒருவருக்குக்கூடக் கர்ணன் பிழைப்பானா மாட்டானா என்ற சந்தேகம் கிடையாது. போன வருஷமும் செத்தான், இந்த வருஷமும் சாவான். ஆனாலும் விடியும்வரை கூட்டம் கலையாது. அப்படியானால் ஆளை உட்கார வைப்பது எது?

கர்ண மோட்சத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றும் சிறுகதை கு.ப.ராஜகோபாலனின் ‘விடியுமா’. அதுவும் ஒரு ராத்திரிக் கதைதான். சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டே சொற்களில் ஒரு தந்தி வருகிறது. குஞ்சம்மாளின் கணவன் நிலை ஆபத்து. அவளும் அவள் தம்பியும் கும்பகோணத்திலிருந்து ராத்திரி ரயிலில் கிளம்புகிறார்கள். விடிகிறபோது சாவு உறுதியாகிறது. 1944இல், நாற்பத்திரண்டு வயதில் மறைந்த கு.ப.ரா. இந்தக் கதையில் எதையும் ஒளித்து வைக்கவில்லை. தந்தியைப் பார்த்ததுமே வாசகருக்கு மனசில் விழுந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் தந்தி என்றாலே வீடு கலங்கும்.

இரண்டிலும் சாவு முன்கூட்டியே தெரிந்த விஷயம். எடை முழுவதும் அதற்கு முந்தைய நேரத்தில் இருக்கிறது. கூத்தில் போர்க்களத்தைவிடக் கூட்டம் காத்திருப்பது பொன்னுருவி கட்டத்துக்காக. தேரோட்டி மகன் என்று புருஷனை ஏளனம் செய்த ராஜகுமாரி அவள். போருக்குப் புறப்படும் முன் அவளிடம் விடைபெற வருகிறான் கர்ணன். சண்டையும் சமாதானமுமாக அந்தப் பேச்சு நீண்டுகொண்டே போகும். நல்ல வாத்தியார் அமைந்தால் அந்த ஒரு கட்டத்தை மணிக்கணக்கில் இழுப்பார். ஒருத்தரும் கொட்டாவி விடமாட்டார்கள். ‘விடியுமா’வில் அந்த இடத்தைப் பிடிப்பது ரயில் பெட்டி. அக்காளும் தம்பியும் நம்பிக்கையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள், அடுத்த ஸ்டேஷனுக்குள் அது நழுவிவிடும், மறுபடி பிடிப்பார்கள். வண்டி ஓடுகிறதே தவிர வேறெதுவும் நடப்பதில்லை. கதை அங்கேதான் இருக்கிறது. எங்கே நிதானிப்பது என்ற கணக்கில் கூத்து வாத்தியாரும் கு.ப.ரா.வும் ஒரே பள்ளிக்கூடம்.

நுழைகிற விதத்தில் இருவரும் முற்றிலும் வேறு. கூத்தில் முதலில் கட்டியக்காரன் வந்து ராஜா வரப்போகிறார் என்று அறிவிப்பான். பிறகு இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். திரைக்குக் கீழே சலங்கை கட்டிய கால் தெரியும். மேலே கிரீடத்தின் நுனி ஆடும். பாட்டு மட்டும் கேட்கும். வேடம் முழுசாகத் தெரிய வெகுநேரம் ஆகும். தெரிந்த பிறகும் வந்தவன் தான் இன்னார், தன் வம்சம் இன்னது என்று தானே சொல்லிக்கொள்வான். கு.ப.ரா.வின் கதையில் திரை கிடையாது. தந்தியோடு ஆரம்பம்; வீட்டில் யார் யார், குடும்பம் எப்படி என்பதெல்லாம் போகிறபோக்கில் நாமாகப் பொறுக்கிக்கொள்ள வேண்டியது. பத்துப் பக்கம்கூட இல்லாத வடிவத்தில் வம்ச வரலாற்றுக்கு ஏது இடம்?

இதைவிடப் பெரிய வித்தியாசம் திரும்பச் சொல்வதில் இருக்கிறது. கூத்தில் வேடக்காரர் ஓர் அடியைப் பாடுவார். பின்பாட்டுக்காரர்கள் அதையே வாங்கிப் பாடுவார்கள். பிறகு அதே சங்கதி வசனமாக வரும். அதற்கும் மேல் கட்டியக்காரன், ‘என்ன ராஜா சொன்னீங்க?’ என்று கேட்டு இன்னொரு தடவை சொல்ல வைப்பான். இதைத் தேவையற்ற நீட்டல் என்று படித்தவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். களத்தில் உட்கார்ந்து பார்த்தால் காரணம் புரியும். பின்வரிசையில் பாதிப் பேருக்குக் காதில் விழுந்திருக்காது. நடுவில் டீ குடிக்கப் போனவர் திரும்பி வந்து உட்காருவார். பிள்ளை அழுது எழுந்து போன தாய்க்கு விட்ட இடத்தைப் பிடித்தாக வேண்டும். கூத்துப் பார்ப்பவரால் ஆட்டத்தைப் பின்னோக்கி நகர்த்த முடியாது; ஆட்டம்தான் அவருக்காகத் திரும்பி வர வேண்டும்.

படிப்பவர் கையில் பக்கம் இருக்கிறது, வேண்டுமானால் புரட்டிக்கொள்வார். இன்றைய பல சிறுகதைகள் அடிபடுவது இங்கேதான். பாத்திரம் அழுகிறது; அழுகைக்குக் காரணத்தை ஆசிரியர் விளக்குகிறார்; போதாதென்று பக்கத்து வீட்டுக்காரி வந்து ‘பாவம், எவ்வளவு துக்கம்’ என்கிறாள். பாட்டு, பின்பாட்டு, வசனம் மூன்றும் ஆயிற்று, ஆனால் டீ குடிக்கப் போனவர் யாரும் இல்லை. கு.ப.ரா.வின் சிக்கனம் பிறவிக் குணம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது வாசகரின் கையில் புத்தகம் இருக்கிறது என்ற நினைப்பை ஒரு வரியிலும் விடாததால் வந்தது என்று தோன்றுகிறது.

கட்டியக்காரனைச் சிறுகதைக்குள் கொண்டுவந்தவர் என்றால் அது புதுமைப்பித்தன். சேர்வராயன் மலையடிவாரத்துக் கூத்தில் கட்டியக்காரன் துரியோதனன் சபையில் நின்றுகொண்டே வாணியாறு அணைத் தண்ணீரையும் குச்சிக்கிழங்கு விலையையும் இழுத்துப் பேசலாம். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் சொல்பவரின் குரல் அந்தச் சுதந்திரத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. கடவுளிடமே பத்திரிகைக்கு ஆயுள் சந்தா வாங்கும் பிள்ளையை ராஜசபையில் கட்டியக்காரன் பக்கத்தில் நிறுத்தினால் பொருந்திப்போவார். ‘சாப விமோசன’த்தில் அவரே கூத்தின் இன்னொரு சொத்தையும் எடுத்தார்: எல்லோருக்கும் தெரிந்த கதை. அகலிகையை யாரென்று அறிமுகப்படுத்த வேண்டியதில்லை என்பதால் மிச்சமான இடத்தை முழுக்க சாபம் நீங்கியதற்குப் பிந்தைய அவள் மனசுக்குக் கொடுத்தார்.

இரண்டு களத்திலும் கால் வைத்தவர்களும் இருக்கிறார்கள். ந.முத்துசாமி அருமையான சிறுகதைக்காரர். தெருக்கூத்தைக் கண்டபின் அதிலேயே ஊன்றிக் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். சேலம் மாவட்டத்து மு.ஹரிகிருஷ்ணன் ‘மணல்வீடு’ இதழை நடத்திக்கொண்டே கூத்துக் கலைஞர்களுக்காக உழைப்பவர். அவர் கதைகளில் வட்டார வழக்கு அடர்த்தியாக, சத்தம் போட்டுப் படிக்கத் தோன்றும்படி வரும். வெளியூர் வாசகர் திணறுவார் என்பது உண்மைதான். எனக்கு அது குறையாகப் படவில்லை. கூத்துக்கார வாய்க்குப் பழகிய மொழி அப்படித்தான் தாளில் இறங்கும்.

‘விடியுமா’வைக் கூத்தாக ஆடினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். தந்திச் சேவகன்தான் கட்டியக்காரனாக வருவான், வந்த வேகத்தில் தந்தியை மூன்று தரம் படித்துக் காட்டிவிடுவான். அதற்கப்புறம் குஞ்சம்மாள் ரயிலேறி என்ன பயன்? கர்ண மோட்சத்தைச் சிறுகதையாக்குவது அவ்வளவு சிரமமில்லை. பொன்னுருவி கதவைத் திறக்கும் இடத்தில் தொடங்கி, அவன் தேர் ஏறுவதற்குள் முடித்துக்கொள்ளலாம். யுத்தத்தை எழுதவே வேண்டாம்.