லண்டன் பெண் இயக்குநர்களின் பயங்கரப் படங்கள்

பெரிய ஸ்டூடியோக்களின் பணத்தையும் ஆணையையும் சாராமல், தேசிய லாட்டரி நிதி, தொலைக்காட்சி ஸ்தாபனங்களின் உதவி, சிறு கம்பெனிகளின் கூட்டு முயற்சி ஆகியவற்றில் ஒன்றையோ பலவற்றையோ துணையாகக் கொண்டு பிரிட்டனில் பெண்கள் இயக்கிய பயங்கரப் படங்கள், 2016-ஆம் ஆண்டு தொடங்கி ஏழெட்டு ஆண்டுகளுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்து, அந்நாட்டுச் சினிமாவில் தனிக் கிளையாக மதிக்கத்தக்க நிலையை அடைந்திருக்கின்றன. இவற்றுட் பல ஸ்கார்பரோக் கடற்கரையிலும், கார்டிஃப் நகரத் தெருக்களிலும், ஸ்காட்லாந்து மலைநாட்டிலும் நிகழ்பவை. ஆயினும் அவற்றை இயக்கியவர்களிற் சிலர் கலை பயின்ற கல்லூரியும், நிதி வழங்கிய ஸ்தாபனங்களும், ரசிகர்கள் கூடிப் பார்த்து விவாதித்த அரங்குகளும் லண்டனில் அமைந்தமையால், இக்கிளைக்கு அம்மாநகரமே தலைநகரம் என்று கொள்வது பொருந்தும். இப்படங்களை ஒருசேரப் பார்ப்பவருக்கு முதலில் புலனாகும் விசேஷம் ஒன்று உண்டு: பயத்துக்கு ஆளாகிறவளும், சில சமயங்களில் பயத்தை விளைவிக்கிறவளும், பெரும்பாலும் பிறருக்குப் பணிவிடை செய்வதையோ பிறரைக் காப்பதையோ கடமையாக ஏற்றுக்கொண்ட பெண்ணே ஆவாள்.

அச்சம் என்னும் மெய்ப்பாட்டுக்குத் தொல்காப்பியர் வகுத்த நிலைக்களன்கள் அணங்கு, விலங்கு, கள்வர், இறைவர் என நான்காகும். இந்நான்கும் அஞ்சுகிறவருக்குப் புறத்தே நின்று அவரை நடுங்கச் செய்பவை. இங்கே பேசப்படும் படங்களிலோ, நோயாளியின் படுக்கையருகே விழித்திருப்பவளின் களைப்பிலிருந்தும், யாரையோ காக்கத் தவறிய குற்ற உணர்விலிருந்தும் அச்சம் பிறக்கிறது. பெண்ணொருத்தி பயங்கரத்தையே தன் கலைக்குப் பொருளாக்கிக்கொள்வது தமிழருக்குப் புதிதன்று. பேயுருவை வேண்டிப் பெற்று, திருவாலங்காட்டுச் சுடுகாட்டையே தம் பாட்டுக்குக் களமாக்கிக்கொண்ட காரைக்கால் அம்மையாரைத் தேவார மூவருக்கும் முன்னோராக வைத்துப் போற்றும் மரபு நம்முடையது. ஆங்கிலேயருக்கு அத்தகைய முன்னோர் மேரி ஷெல்லி ஆவார். லண்டனில் ஸோமர்ஸ் டவுன் என்னும் பகுதியில் 1797-இல் பிறந்து, பிறந்த சில நாட்களிலேயே தாயை இழந்த அவர், தம் இருபதாவது பிராயத்தில், 1818-இல், ஆசிரியர் பெயரின்றி வெளியிட்ட 'ஃபிராங்கன்ஸ்டைன்' என்னும் நாவலில், உயிரைப் படைத்துவிட்டு அதனைப் பேணாமல் கைவிட்ட ஒருவனின் கதையைச் சொன்னார். பேணுதலிற் பிழைத்தால் விளையும் பயங்கரம் என்னும் பொருள் அன்றே தொடங்கிவிட்டது எனலாம்.

இலக்கியத்தில் இத்துணை முற்பட்ட பெண்களுக்குச் சினிமாவில் டைரக்டர் நாற்காலி கிடைக்க நெடுங்காலமாயிற்று. நடனத்திலும் நாடக அரங்கிலும் புகழ்பெற்றிருந்த லண்டன் மாதான வெண்டி டாய் (1917-2010) 1952-இல் எடுத்த 'தி ஸ்ட்ரேஞ்சர் லெஃப்ட் நோ கார்ட்' என்னும் குறும்படம், விசித்திர வேஷத்தோடு ஓர் ஊருக்குள் வந்து, சிறுவர் பெரியோர் எல்லாரையும் சிரிக்கவைத்து, அந்தச் சிரிப்பையே திரையாகக் கொண்டு கொலை புரிந்துவிட்டு மறையும் மனிதனைப் பற்றியது. அடுத்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் அது பரிசு பெற்றது. 1955-இல் வெளிவந்த 'த்ரீ கேஸஸ் ஆஃப் மர்டர்' என்ற தொகுப்புப் படத்தில், கண்காட்சிச் சாலையில் தொங்கும் சித்திரமொன்றினுள் மனிதன் இழுத்துச் செல்லப்படும் முதற்கதையும் அவர் இயக்கியதே. இந்த இரு படைப்புகளையும் பார்த்தவர்கள், அவருக்கு மேலும் இத்தகைய வாய்ப்புகள் கிடைத்திருக்குமானால் பிரிட்டிஷ் பயங்கரப் படத்தின் சரித்திரமே வேறு வகையாக எழுதப்பட்டிருக்கும் என்று வருந்தாமல் இருக்க இயலாது. அவ்வாண்டுகளுக்குப் பின்னர் பயங்கரப் படத்துக்கே மறுபெயராக விளங்கிய ஹாம்மர் கம்பெனி, வார்டர் தெருவிலிருந்து நடத்திய பெருந்தொழிலில், பெண்ணைப் பெரும்பாலும் டிராகுலாவின் இரையாகவே திரையில் நிறுத்தியது. எனினும் அக்கம்பெனியின் 'டிராகுலா ஹாஸ் ரிஸன் ஃபிரம் த கிரேவ்' (1968), 'டேஸ்ட் த பிளட் ஆஃப் டிராகுலா' (1970) ஆகிய படங்களின் தயாரிப்பாளர் அய்டா யங் என்னும் பெண்மணி என்பதை இன்று நினைவுகூர்வோர் சிலரே. பின்னாளில் அண்டோனியா பேர்ட் நரமாமிசம் புசிப்போரைப் பற்றி இயக்கிய 'ராவனஸ்' (1999) அமெரிக்கக் கம்பெனியின் பணத்தில் எடுக்கப்பட்டமையால், அதனைச் சுதந்திரப் படங்களின் வரிசையிற் சேர்ப்பதற்கில்லை.

இடைப்பட்ட காலத்து நிகழ்ச்சி ஒன்று பின்வருவதற்கு அவசியமாகிறது. 1980-களின் தொடக்கத்தில் வீடியோ காசெட் வீடுகளுக்குள் புகுந்தபோது, தணிக்கைக்கு உட்படாத கொடூரப் படங்கள் கடைகளில் தாராளமாக வாடகைக்குக் கிடைத்தன. பத்திரிகைகளும் ஒழுக்க இயக்கத்தாரும் எழுப்பிய கூக்குரலின் விளைவாகப் போலீஸார் கடைகளைச் சோதனையிட்டனர். வழக்குத் தொடரத்தக்க படங்களென அதிகாரிகள் வைத்திருந்த பட்டியலில் மொத்தம் 72 படங்கள் இடம்பெற்றன. 1984-ஆம் ஆண்டுச் சட்டம், வீடியோப் படங்களையும் லண்டனில் உள்ள தணிக்கைச் சபையின் சான்றிதழுக்கு உட்படுத்தியது. அச்சபையின் கையில் கத்தரிக்கோல் பிற்காலத்திலும் இருந்தது என்பதற்கு, பெல்ஜியத்தில் பிறந்த ஆக்செல் கரோலின் வேல்சில் எடுத்த 'சோல்மேட்' (2013) என்னும் பேய்க்கதையின் தற்கொலை முயற்சிக் காட்சி பிரிட்டிஷ் வீடியோ வெளியீட்டிலிருந்து நீக்கப்பட்டதே சான்று. இதே காலப்பகுதியில் ஃபே ஜாக்சன் ருமேனியாவில் எடுத்த 'ஸ்டிரிகோய்' (2009), மகளுக்கு வரன் அமையாத கோபத்தில் கொலைகாரியாகும் தாயாக ஷபானா ஆஸ்மி நடிக்க, லண்டன் பஞ்சாபிச் சமூகத்தை வைத்து குரிந்தர் சட்டா எடுத்த 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் ஆஃப்டர்லைஃப்' (2010) ஆகியவையும் வந்தன. பின்னதில் நகைச்சுவையே மேலோங்கிற்றாயினும், மகள்மேல் வைத்த பாசம் எல்லை கடந்தால் விபரீதமாகும் என்னும் பொருளைச் சட்டா தொட்டுவிட்டார்.

இக்கிளையின் உண்மையான தொடக்கமாக ஆலிஸ் லோ எழுதி, இயக்கி, தாமே கதாநாயகியாகவும் நடித்த 'பிரிவெஞ்ச்' (2016) படத்தைக் குறிப்பிடுவது முறை. நிறைகர்ப்பிணியாக இருந்த நிலையிலேயே, பதினொரு நாட்களில், கார்டிஃப் நகரில் அவர் இப்படத்தை எடுத்து முடித்தார். மலையேற்ற விபத்தில் கணவனை இழந்த ரூத் என்னும் கர்ப்பிணி, வயிற்றிலுள்ள சிசுவின் குரல் தனக்கு ஆணையிடுவதாக நம்பி, அவ்விபத்துக்குப் பொறுப்பானவர்கள் என்று தான் கருதும் ஒவ்வொருவரையும் கொல்லப் புறப்படுகிறாள். கர்ப்பவதியைப் பார்த்தவுடன் உலகம் அவளுக்கு வழங்கும் இனிய சொற்களும், அவள் இனி தனக்குரியவள் அல்லள் என்னும் மறைமுகமான தீர்ப்பும், இந்தப் படத்தில் கத்திமுனையில் நிறுத்தப்பட்டு விசாரிக்கப்படுகின்றன. வெனிஸ் விழாவின் விமரிசகர் வாரத்தில் முதன்முதலாகக் காட்டப்பட்ட இதனை, வயிற்றுப் பிள்ளையோடு நடித்த துணிச்சலுக்காக மட்டும் வியந்து பாராட்டிவிட்டுப் போவது நியாயமாகாது. பதினொரு நாள் என்னும் நெருக்கடியே காட்சிகளைச் சுருக்கி, ஓர் அறை இரண்டு மனிதர் என்னும் அளவுக்குள் அடக்கி, வசனத்துக்குக் கூர்மை தந்தது.

அடுத்து வந்த 'செயின்ட் மாட்' (2019) இவற்றுள் தலைசிறந்தது என்பது இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம். லண்டன் கம்யூனிகேஷன் கல்லூரியிலும், பின்னர் பீக்கன்ஸ்ஃபீல்டிலுள்ள தேசியத் திரைப்பட, தொலைக்காட்சிப் பள்ளியிலும் பயின்ற ரோஸ் கிளாஸ், பிரிட்டிஷ் திரைப்படக் கழகமும் சானல் 4-இன் திரைப்படப் பிரிவும் அளித்த நிதியில் இயக்கிய இந்த முதற்படம், டொரோன்டோ விழாவின் நள்ளிரவுப் பிரிவில் அரங்கேறியது. அதே ஆண்டு லண்டன் திரைப்பட விழாவில் அவருக்கு 50,000 பவுன் உதவித்தொகையும் கிடைத்தது. மருத்துவமனையில் நேர்ந்த ஒரு துர்மரணத்துக்குப் பின் கிறிஸ்துவ பக்தையாக மாறி, தன் பெயரையும் மாற்றிக்கொண்ட இளநர்ஸ் மாட், புற்றுநோயால் மரணத்தை எதிர்நோக்கியிருக்கும் நடனக் கலைஞர் அமாண்டாவின் வீட்டுக்குப் பணிவிடைக்கு வருகிறாள். உடலைப் பேணும் வேலை தன் தகுதிக்குக் குறைந்தது என்றும், அந்த ஆத்மாவைக் கடைத்தேற்றுவதே தனக்கு விதிக்கப்பட்ட ஊழியம் என்றும் எண்ணத் தொடங்குகிறாள். மார்ஃபிட் கிளார்க் என்னும் நடிகை இப்பாத்திரத்தைத் தாங்கிய விதம் அபூர்வமானது. மாட் கேட்கும் தெய்வத்தின் குரல் வெல்ஷ் மொழியில் ஒலிக்கிறது, அக்குரலும் அந்நடிகையினுடையதே. தனியறையும் மின்கணப்பும் மட்டுமே துணையாக வாழும் ஏழைப் பெண்ணொருத்திக்கு இறைவனே பேச்சுத்துணையாவதைக் கிளாஸ் ஒருபோதும் ஏளனம் செய்யவில்லை. அவளுடைய பரவசத்தைப் பரவசமாகவே காட்டி, ஒரு நொடிக்கும் குறைவாகத் தோன்றி மறையும் இறுதிக் காட்சியில் மட்டும், அதன் மறுபக்கத்தை நம் கண்முன் நிறுத்துகிறார். பெருந்தொற்றுக் காலத்தில், 2020 அக்டோபரில், பாதி காலியான தியேட்டர்களில் வெளியாக நேர்ந்தது இப்படத்தின் துரதிர்ஷ்டம்.

வேல்சில் வளர்ந்து, அதே லண்டன் கல்லூரி லண்டன் அச்சுக்கலைக் கல்லூரி என்ற பழைய பெயரோடு இருந்த காலத்தில் அங்கே பயின்ற பிரானோ பெய்லி-பாண்ட், ஆண்டனி ஃபிளெச்சருடன் சேர்ந்து எழுதி இயக்கிய 'சென்சார்' (2021), மேலே கூறிய வீடியோப் பீதியையே கதைக்களமாக்கிக்கொண்டது. 1985-ஆம் ஆண்டு, தணிக்கை அலுவலகத்தில் நாள்தோறும் கொலைக்காட்சிகளைப் பார்த்து, எத்தனை அடி வெட்டவேண்டும் என்று குறிப்பெழுதும் ஈனிட் என்னும் பெண், ஜனங்களைத் தீமையிலிருந்து காப்பதே தன் வேலை என்று மனமார நம்புகிறாள். சிறுபிராயத்தில் தன்னோடு விளையாடச் சென்று காணாமற்போன தங்கையின் சாயலை ஒரு படத்தில் அவள் கண்டதும், அந்த நம்பிக்கை மெல்ல மெல்லப் பித்தாகிறது. 35 மில்லிமீட்டர் பிலிமில் தொடங்கும் காட்சிச் சட்டம், ஈனிடின் புத்தி தடுமாறத் தடுமாறப் பக்கங்களில் ஒடுங்கி, பழைய டெலிவிஷன் பெட்டியின் சதுரத்தை எட்டுகிறது. உள்ளத்தின் குறுகலைச் சட்டத்தின் குறுகலாலேயே காட்டிய இந்த உத்தி, வசனத்தால் சொல்ல முயன்றிருந்தால் பலிக்காத ஒன்று. கொடூரப் படங்கள் மனிதரைக் கெடுக்கின்றனவா என்னும் பழைய வழக்குக்குத் தீர்ப்புக் கூறாமல், துக்கத்தை வெட்டி ஒதுக்கப் பழகிய ஒருத்தியின் மனத்தில் என்ன எஞ்சும் என்று பெய்லி-பாண்ட் வினவியதே படத்தின் பெருமை.

லண்டனையே களமாகக் கொண்டவை இரண்டு. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் போராட்டத்தால் நாடெங்கும் மின்சாரம் நிறுத்தப்பட்ட 1974 ஜனவரி மாதத்தில், கிழக்கு லண்டன் மருத்துவமனையொன்றில் முதல் நாளே இரவுப் பணிக்கு அமர்த்தப்பட்ட, இருளுக்கு அஞ்சும் பயிற்சி நர்ஸ் வால் என்பவளின் அனுபவம் கொரின்னா ஃபெய்த் இயக்கிய 'தி பவர்' (2021). அங்கே உலாவும் ஆவியைக் காட்டிலும், புகார் சொன்ன சிறுமியின் வாயை அடைத்த அதிகார வர்க்கமே அஞ்சத்தக்கது என்பதைப் படம் கோபத்தோடு எடுத்துரைக்கிறது. நடிகை ரொமோலா காரை எழுதி இயக்கிய 'ஆம்யுலெட்' (2020), போரிலிருந்து தப்பி லண்டனுக்கு வந்த அகதியொருவன், பாழடைந்த வீட்டின் மாடியறையில் சாகக் கிடக்கும் தாயைப் பேணும் மாக்டா என்ற பெண்ணுக்குத் துணையாக அனுப்பப்படுவதைச் சொல்கிறது. அவன்பால் நாம் கொண்ட இரக்கம், அவன் முன்பு செய்த பாதகம் வெளிப்பட்டதும் தலைகீழாகிறது. கட்டுக்கோப்பில் இப்படம் தளர்ந்ததே. ஆயினும் தண்டனையை விதிக்கும் துணிவில் மற்றெதற்கும் சளைத்ததன்று.

ஷார்லட் கோல்பேரின் 'ஷீ வில்' (2021) மார்பகச் சிகிச்சைக்குப் பின் தன் இளநர்ஸோடு ஸ்காட்லாந்துக்குச் செல்லும் மூத்த நடிகையைப் பற்றியது. லொகார்னோ விழாவில் முதற்படத்துக்குரிய விருதைப் பெற்றது. ரூத் பாக்ஸ்டனின் 'எ பேங்க்விட்' (2021) உண்ண மறுக்கும் மகளையும் அவளுக்கு ஊட்டத் தவிக்கும் விதவைத் தாயையும், லண்டனில் பிறந்த ஜோவான்னா ஹாக்கின் 'தி எடர்னல் டாட்டர்' (2022) வெறிச்சோடிய ஓட்டலில் முதிய தாயை மகிழ்விக்க முயலும் மகளையும் காட்டுகின்றன. பின்னதில் தாயும் மகளுமாக டில்டா ஸ்விண்டன் ஒருவரே நடித்தார்.

செவிலியர் பணியை முறையான கல்வியாக்கிய நைட்டிங்கேல் பள்ளி 1860-இல் தொடங்கியது லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில்தான். 1948-க்குப் பின் தேசிய மருத்துவச் சேவையின் வார்டுகளைத் தாங்கியவர்களில் கரீபியத் தீவுகளிலிருந்தும், கேரளத்திலிருந்தும், இலங்கையிலிருந்தும் கடல்கடந்து வந்த பெண்கள் அனேகர். இத்தகைய நகரத்துப் படைப்பாளிகள், பணிவிடையைப் புனிதமென்று புகழ்ந்துவிட்டு அதைச் செய்பவளின் தனிமையைக் கண்டுகொள்ளாத சமூகத்தைப் பயங்கரப் படத்தின் வாயிலாகக் கேள்வி கேட்டமை இயல்பே. பொருளாதாரக் காரணமும் உடன் நின்றது: ஒரு வீடு, நோயாளி ஒருவர், பணிப்பெண் ஒருத்தி என்பது குறைந்த பணத்தில் நிறைந்த பயத்தை விளைவிக்கும் அமைப்பு. வார்டில் இன்று உண்மையில் நிற்கும் அயல்நாட்டு நர்ஸ் மேற்சொன்ன படங்கள் எதிலும் கதாநாயகி ஆகாதது ஒரு பெருங்குறை.

இப்படங்களுக்கு ரசிகரைத் திரட்டிய அரங்குகளில், 2000 முதல், பெரும்பாலும் லெஸ்டர் சதுக்கப் பகுதியில், ஆகஸ்டு மாதம் நடைபெறும் ஃபிரைட்ஃபெஸ்ட் விழாவும், பயங்கரப் படத்தையும் பெண்ணியத்தையும் இணைத்து ஆராய்வதற்காக அன்னா பொகுட்ஸ்கயாவும் ஒலிவியா ஹோவும் 2016-இல் நிறுவிய 'தி ஃபைனல் கேர்ள்ஸ்' குழுவும் குறிப்பிடத்தக்கவை. ஆஸ்திரேலியாவில் ஜெனிஃபர் கென்ட்டின் 'தி பாபாடூக்' (2014), பிரான்சில் ஜூலியா டுகோர்னோவின் 'ரா' (2016), இந்தியாவில் அன்விதா தத்தின் 'புல்புல்' (2020) ஆகியவற்றோடு ஒருங்கே வைத்து நோக்கினால், இம்முயற்சி லண்டனுக்கு மட்டும் உரியதன்று என்பதும் விளங்கும்.

முதற்படத்துக்கு நிதி கிடைப்பதைவிட இரண்டாவதற்குக் கிடைப்பது அரிது என்பதை இவர்களது வாழ்க்கை காட்டுகிறது. ரோஸ் கிளாஸின் அடுத்த படமான 'லவ் லைஸ் பிளீடிங்', முதற்படம் அரங்கேறி ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 2024-இல் வந்தது. அது அமெரிக்காவில் நிகழும் குற்றக்கதை. பதினொரு நாட்களில் ஒரு படத்தை முடித்துக் காட்டிய ஆலிஸ் லோ, தம் இரண்டாவது படமான 'டைம்ஸ்டாக்கர்' வெளிவர 2024 வரை, அதாவது எட்டு ஆண்டுகள், காத்திருக்க வேண்டியதாயிற்று.