மாநிலங்களின் செலவுக்கு வரம்பு, சேமிப்புக்கு நிதியம்: சட்டம் என்ன சொல்கிறது, நடைமுறை எப்படி உள்ளது?

மாநில அரசுகள் ஓர் ஆண்டில் எவ்வளவு கடன் பெறலாம் என்பதற்கு இந்தியாவில் சட்டப்படி வரம்பு உண்டு. ஆனால், அவற்றின் செலவு ஆண்டுக்கு எவ்வளவு வளரலாம் என்பதற்குப் பொதுவான வரம்பு இல்லை. வருவாய் பெருகும் ஆண்டுகளில் ஒரு பகுதியைச் சேமிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இந்த இடைவெளியின் விளைவு வருவாய் சரியும் ஆண்டுகளில் வெளிப்படுகிறது. அப்போது ஊதியமோ ஓய்வூதியமோ குறைவதில்லை. சாலை, பாசனம், பள்ளிக் கட்டடம், மருத்துவமனை போன்ற பணிகளே முதலில் நிறுத்தப்படுகின்றன.

நாட்டின் மொத்த அரசுச் செலவினத்தில் ஏறத்தாழ 60 சதவீதம் மாநிலங்களின் வழியாகவே நடைபெறுகிறது. எனவே, மாநில பட்ஜெட்டுகளின் உறுதித்தன்மை மக்களின் அன்றாட வாழ்வை நேரடியாகத் தொடும் பொருளாகிறது.

கடன் வரம்பு உருவானது எப்படி?

மாநிலங்கள் உள்நாட்டில் கடன் பெறும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 293-ஆவது பிரிவு வழங்குகிறது. மத்திய அரசுக்குச் செலுத்த வேண்டிய கடன் நிலுவையில் இருந்தால், புதிய கடனுக்கு மத்திய அரசின் ஒப்புதல் தேவை என அதே பிரிவின் 3-ஆவது உட்பிரிவு கூறுகிறது.

1990-களின் இறுதியில் மாநிலங்களின் நிதிநிலை மோசமடைந்தது. 2002-இல் கர்நாடகம் நாட்டிலேயே முதலாவதாக நிதிப் பொறுப்புடைமைச் சட்டத்தை இயற்றியது. 2003-இல் மத்திய அரசு, தமிழ்நாடு, கேரளம், பஞ்சாப் ஆகியவை தத்தம் சட்டங்களை இயற்றின. சி.ரங்கராஜன் தலைமையிலான 12-ஆவது நிதிக்குழு, இத்தகைய சட்டத்தை இயற்றும் மாநிலங்களுக்கே கடன் சலுகை எனப் பரிந்துரைத்ததால் பிற மாநிலங்களும் இதைப் பின்பற்றின. மேற்கு வங்கமும் சிக்கிமும் 2010-இல் இணைந்தன.

இச்சட்டங்களின் மையம் இரண்டு இலக்குகள். அன்றாடச் செலவுக்காகக் கடன் பெறும் நிலையான வருவாய்ப் பற்றாக்குறையை நீக்குவது முதலாவது. மொத்த நிதிப் பற்றாக்குறையை மாநில உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் 3 சதவீதத்துக்குள் நிறுத்துவது இரண்டாவது. கொரோனா தொற்றுக்குப் பிறகு, என்.கே.சிங் தலைமையிலான 15-ஆவது நிதிக்குழு, 2021-22-க்கு 4 சதவீதம், 2022-23-க்கு 3.5 சதவீதம், அதன் பின்னர் 3 சதவீதம் எனப் படிப்படியான வரம்பைப் பரிந்துரைத்தது. மின்துறைச் சீர்திருத்தங்களை மேற்கொள்ளும் மாநிலங்களுக்குக் கூடுதலாக 0.5 சதவீதம் அனுமதிக்கப்பட்டது.

நல்ல ஆண்டில் உறங்கும் வரம்பு

இந்த வரம்பு வருவாய் சரியும்போது கடுமையாகச் செயல்படுகிறது. வருவாய் பெருகும்போது அதன் இருப்பே தெரிவதில்லை. இதை ஒரு கற்பனைக் கணக்கின் மூலம் விளக்கலாம்.

ஒரு மாநிலத்தின் வருவாய் ரூ.1 லட்சம் கோடி, செலவு ரூ.1.20 லட்சம் கோடி, கடன் ரூ.20,000 கோடி எனக் கொள்வோம். அதன் கடன் வரம்பும் ரூ.20,000 கோடியே. அடுத்த ஆண்டில் வருவாய் ரூ.1.15 லட்சம் கோடியாக உயர்கிறது. அரசு ரூ.10,000 கோடிக்குப் புதிய நிரந்தரச் செலவுகளை அறிவிக்கிறது. செலவு ரூ.1.30 லட்சம் கோடியாகிறது. பற்றாக்குறையோ ரூ.15,000 கோடிதான். சட்டம் முழுமையாகப் பின்பற்றப்பட்டுள்ளது. பற்றாக்குறை குறைந்ததாகப் பாராட்டும் கிடைக்கக்கூடும்.

மூன்றாம் ஆண்டில் வருவாய் மீண்டும் ரூ.1 லட்சம் கோடிக்கு இறங்குகிறது. செலவு ரூ.1.30 லட்சம் கோடியில் நிற்பதால் ரூ.30,000 கோடி தேவை, வரம்போ ரூ.20,000 கோடி. மீதமுள்ள ரூ.10,000 கோடியைக் குறைத்தே ஆக வேண்டும். நிரந்தரச் செலவுகளைத் திரும்பப் பெறுவது எளிதன்று என்பதால் மூலதனப் பணிகள் வெட்டப்படுகின்றன.

இரண்டாம் ஆண்டில் அதே ரூ.10,000 கோடியைத் தனி நிதியத்தில் வைத்திருந்தால் செலவு ரூ.1.20 லட்சம் கோடியிலேயே நின்றிருக்கும். வருவாய் ரூ.90,000 கோடி வரை சரிந்தாலும், வரம்புக்குட்பட்ட கடனையும் சேமிப்பையும் கொண்டு எந்தப் பணியையும் நிறுத்தாமல் சமாளித்திருக்கலாம்.

இதில் கவனிக்கத்தக்க ஒரு சிக்கல் உண்டு. கணக்கு விதிகளின்படி, சேமிப்பு நிதியத்துக்கு மாற்றப்படும் தொகையும் தொகுப்பு நிதியிலிருந்து செய்யப்பட்ட செலவாகவே பதிவாகிறது. அதாவது, ரூ.10,000 கோடியைச் செலவழித்த மாநிலமும் சேமித்த மாநிலமும் அந்த ஆண்டில் ஒரே பற்றாக்குறையையே காட்டும். பற்றாக்குறை எண்ணை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், சேமிப்புக்குத் தனி மதிப்பெண் கிடைப்பதில்லை.

செலவு ஏன் இறங்குவதில்லை?

ஊதியம், ஓய்வூதியம், கடனுக்கான வட்டி ஆகிய மூன்றும் தவிர்க்க இயலாத செலவினங்கள். மாநிலங்களின் வருவாயில் ஏறத்தாழ பாதி இவற்றுக்கே செல்கிறது. மானியங்களும் நேரடிப் பண உதவித் திட்டங்களும் இவற்றுக்கு மேல் வருகின்றன. ஒருமுறை தொடங்கிய பின் இவற்றையும் குறைப்பது கடினம்.

சில செலவுகள் ஆண்டு வரம்பின் பார்வைக்கே வருவதில்லை. 2022, 2023-ஆம் ஆண்டுகளில் ராஜஸ்தான், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், பஞ்சாப், இமாசலப் பிரதேசம் ஆகிய மாநிலங்கள் பழைய ஓய்வூதியத் திட்டத்துக்குத் திரும்புவதாக அறிவித்தன. இதன் முழுச்சுமை பணியாளர்கள் ஓய்வுபெறும் எதிர்கால ஆண்டுகளிலேயே வெளிப்படும் என்பதால் ரிசர்வ் வங்கி எச்சரிக்கை தெரிவித்தது.

அரசு உத்தரவாதம் அளித்த கடன்களும் இத்தகையவையே. 2015-இல் அறிவிக்கப்பட்ட உதய் திட்டத்தின் கீழ், மின் பகிர்மானக் கழகங்களின் கடனில் 75 சதவீதத்தை மாநிலங்கள் இரண்டு ஆண்டுகளில் ஏற்க வழிசெய்யப்பட்டது. அதுவரை பட்ஜெட்டுக்கு வெளியே இருந்த கடன், பட்ஜெட்டுக்குள் வந்து சேர்ந்தது.

கைவசம் உள்ள நிதியங்கள் எவை?

மாநிலங்களிடம் சேமிப்பு நிதியங்களே இல்லை எனக் கூற இயலாது. ஆனால், ஒவ்வொன்றும் குறிப்பிட்ட ஒரு நோக்கத்துக்கு மட்டுமே உரியது.

எதிர்பாராச் செலவு நிதி: அரசியலமைப்பின் 267-ஆவது பிரிவின் கீழ் அமைவது. பேரவையின் ஒப்புதலுக்கு முன் அவசரச் செலவுக்கு முன்பணம் வழங்க இது உதவும். பின்னர் அத்தொகையை ஈடுசெய்ய வேண்டும். எனவே இது சேமிப்பாகாது.

ஒருங்கிணைந்த கடன் தீர்வு நிதி: ரிசர்வ் வங்கியின் நிர்வாகத்தில் உள்ளது. முந்தைய ஆண்டிறுதிக் கடன் நிலுவையில் குறைந்தது 0.5 சதவீதத்தை மாநிலங்கள் ஆண்டுதோறும் செலுத்துவது இதன் அடிப்படை. கடனைத் திருப்பிச் செலுத்த மட்டுமே இதைப் பயன்படுத்தலாம். 2024 மார்ச் இறுதியில் இதன் இருப்பு ரூ.2 லட்சம் கோடியைக் கடந்திருந்தது.

உத்தரவாத மீட்பு நிதி: அரசு உத்தரவாதம் அளித்த கடனைப் பொதுத்துறை நிறுவனங்கள் செலுத்தத் தவறினால் பயன்படுவது. 2024 மார்ச் இறுதியில் இதன் இருப்பு ரூ.12,000 கோடியைச் சற்றே தாண்டியிருந்தது.

மாநிலப் பேரிடர் நிவாரண நிதி: வெள்ளம், புயல், வறட்சி போன்றவற்றுக்கான உடனடி நிவாரணத்துக்கு உரியது. பொதுவாக 75 சதவீதத்தை மத்திய அரசும் 25 சதவீதத்தை மாநிலமும் ஏற்கின்றன. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களில் இது 90-க்கு 10 என்ற விகிதத்தில் உள்ளது.

இவை தவிர, வரவுக்கும் செலவுக்கும் இடையிலான தற்காலிக இடைவெளியை நிரப்ப ரிசர்வ் வங்கி வழிவகை முன்பணம் வழங்குகிறது. 2024 ஜூலை 1 முதல் அனைத்து மாநிலங்களுக்குமான இதன் மொத்த வரம்பு ரூ.60,118 கோடி. அதையும் தாண்டினால் ஓவர்டிராஃப்ட். தொடர்ந்து 14 வேலை நாள்களுக்கு மேல் அந்நிலை நீடிக்கக் கூடாது. இது சில நாள் நெருக்கடிக்கான உதவியே. ஓர் ஆண்டு முழுவதும் நீடிக்கும் வருவாய்ச் சரிவுக்குத் தீர்வன்று.

ஆக, கடனைத் தீர்க்க ஒரு நிதியம் உண்டு. பேரிடருக்கு ஒன்று உண்டு. வருவாயே சரியும் ஆண்டுக்கென ஒரு நிதியம் பெரும்பாலான மாநிலங்களில் இல்லை.

கொரோனா காலச் சோதனை

2020-இல் ஊரடங்கால் வரி வருவாய் சரிந்தபோது இக்குறை வெளிப்பட்டது. 2020 மே மாதம் கடன் தீர்வு நிதியிலிருந்து பணம் எடுக்கும் விதிகளை ரிசர்வ் வங்கி தளர்த்தியது. இதனால் கூடுதலாக சுமார் ரூ.13,300 கோடி கிடைக்கும் என்றும், வழக்கமாக எடுக்கத்தக்க தொகையையும் சேர்த்தால் அந்த ஆண்டில் முதிர்வடையும் சந்தைக் கடன்களில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தீர்க்க இயலும் என்றும் அது தெரிவித்தது. சிறுகச் சிறுகச் சேர்த்த தொகை நெருக்கடியில் கைகொடுத்ததற்கு இது சான்று. எனினும், பெரும்பகுதித் தேவையை மாநிலங்கள் கடன் மூலமே ஈடுசெய்தன. மாநிலங்களின் மொத்தக் கடன், நாட்டின் உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் 2021 மார்ச் இறுதியில் 31 சதவீதமாக உயர்ந்தது. 2024 மார்ச் இறுதியில் அது 28.5 சதவீதமாகக் குறைந்தது.

மற்றொரு பாதுகாப்பும் அண்மையில் முடிவுக்கு வந்துள்ளது. ஜிஎஸ்டி அறிமுகமான 2017 ஜூலை முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, மாநிலங்களின் வரி வருவாய் ஆண்டுக்கு 14 சதவீதம் வளர்ந்ததாகக் கணக்கிட்டு, குறைந்த தொகைக்கு இழப்பீடு உறுதியளிக்கப்பட்டிருந்தது. 2022 ஜூன் 30-உடன் அந்த உறுதி முடிவடைந்தது. அதன் பின்னர், வருவாய் ஏற்ற இறக்கத்தின் சுமை மாநிலங்களையே சேர்கிறது.

ஒடிசாவின் வழி

இச்சூழலில் ஒடிசாவின் முயற்சி கவனம் பெறுகிறது. அம்மாநிலத்தில் பல சுரங்கக் குத்தகைகள் 2020 மார்ச் 31-உடன் முடிவடைந்து ஏலம் விடப்பட்டன. ஏலப் பிரீமியமும், 2021-இல் உயர்ந்த இரும்புத்தாது விலையும் சேர்ந்து சுரங்க வருவாயைப் பெருமளவு உயர்த்தின. இத்தகைய வருவாய் உலகச் சந்தை விலையைப் பொறுத்தது. உயர்ந்த வேகத்திலேயே வீழவும் கூடும். அதை முழுவதும் நிரந்தரச் செலவாக மாற்றாமல், ஒரு பகுதியைச் சேமிக்கும் நோக்கில் பட்ஜெட் நிலைப்படுத்தல் நிதியத்தை ஒடிசா உருவாக்கியது.

இது எல்லா மாநிலங்களுக்கும் உடனே பொருந்துமா என்பது வேறு கேள்வி. ஒடிசா 2005-06 முதல் வருவாய் உபரியைப் பேணி வந்த மாநிலம். அதன் கடன் சுமையும் குறைவு. மாறாக, ரிசர்வ் வங்கியின் 2022 ஜூன் மாத ஆய்வுக் கட்டுரை, பிகார், கேரளம், பஞ்சாப், ராஜஸ்தான், மேற்கு வங்கம் ஆகியவற்றை நிதி நெருக்கடி மிகுந்த ஐந்து மாநிலங்களாகச் சுட்டியது. வருவாய்ப் பற்றாக்குறையில் உள்ள மாநிலம் நிதியத்தில் பணம் போட வேண்டுமெனில், அதையும் கடனாகவே பெற வேண்டியிருக்கும். கடனுக்குச் செலுத்தும் வட்டி, சேமிப்பில் கிடைக்கும் வட்டியைவிடக் கூடுதலாக இருந்தால் சேமிப்பே செலவாகிவிடும். அத்தகைய மாநிலங்களுக்கு வருவாய்ப் பற்றாக்குறையைக் குறைப்பதே முதல் சேமிப்பு.

அமெரிக்க மாநிலங்கள் தரும் பாடம்

செலவு வளர்ச்சிக்கே வரம்பு விதித்த மாநிலங்கள் அமெரிக்காவில் உண்டு. கொலராடோ 1992-இல் வாக்காளர்களின் ஒப்புதலுடன் அதன் அரசியலமைப்பைத் திருத்தியது. மக்கள்தொகை வளர்ச்சியும் பணவீக்கமும் சேர்ந்த விகிதத்துக்கு மேல் கிடைக்கும் வருவாயை வரி செலுத்துவோரிடமே திருப்பித் தர வேண்டும் என்பது விதி. 2000-களின் தொடக்கத்தில் ஏற்பட்ட மந்தநிலையில் வருவாய் சரிந்தபோது, வரம்பின் அடிப்படையும் அதனுடன் தாழ்ந்தது. பொருளாதாரம் மீண்ட பின்னரும் சேவைகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலவில்லை. 2005-இல் வாக்காளர்களே அவ்விதியை ஐந்து ஆண்டுகளுக்குத் தளர்த்தினர்.

டெக்சாஸ் வேறு வழியைத் தேர்ந்தது. 1988-இல் உருவான அதன் பொருளாதார நிலைப்படுத்தல் நிதியத்துக்கு, எண்ணெய், எரிவாயு உற்பத்தி வரியின் ஒரு பகுதி தானாகவே சென்று சேர்கிறது. உபரியைச் சேமிக்க இடமின்றி வரம்பை மட்டும் விதித்தால் அது மந்தநிலையில் இறுகும் என்பதையும், சேமிப்பு ஆண்டுதோறும் எடுக்கும் முடிவாக அல்லாமல் விதியாக இருந்தால் நிலைக்கும் என்பதையும் இவ்விரு அனுபவங்களும் காட்டுகின்றன.

வரம்பை நிர்ணயிப்பது யார்?

பட்ஜெட்டுக்கு வெளியே அரசு நிறுவனங்கள் பெறும் கடனையும் மாநிலத்தின் கடனாகவே கணக்கிடும் மத்திய அரசின் முடிவை எதிர்த்துக் கேரளம் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தை நாடியது. 2024 ஏப்ரல் 1-ஆம் தேதி இடைக்கால நிவாரணம் வழங்க மறுத்த நீதிமன்றம், 293-ஆவது பிரிவு குறித்த கேள்விகளை ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பியது. மாநிலங்களின் நிதித் தன்னாட்சிக்கும் நாட்டின் ஒட்டுமொத்தக் கடன் கட்டுப்பாட்டுக்கும் இடையிலான எல்லை அவ்வழக்கில் ஆராயப்பட வேண்டியுள்ளது.

சேமிப்பு நிதியத்தை உருவாக்க இத்தகைய வழக்குகள் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாநிலச் சட்டப்பேரவைகள் தத்தம் நிதிப் பொறுப்புடைமைச் சட்டங்களைத் திருத்தியே அதைச் செய்ய இயலும். வழக்கமான வளர்ச்சியைத் தாண்டிய வருவாயில் எவ்வளவு பங்கு நிதியத்துக்குச் செல்ல வேண்டும், எந்த நிலையில் அதிலிருந்து எடுக்கலாம், எடுத்ததை எத்தனை ஆண்டுகளில் நிரப்ப வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்குச் சட்டத்தில் விடை இருப்பது அவசியம்.

ஒரு மாநில பட்ஜெட்டைப் படிப்பவர் பற்றாக்குறை எண்ணுடன் நிறுத்தாமல் வேறு மூன்று எண்களையும் பார்க்கலாம். ஊதியம், ஓய்வூதியம், வட்டி ஆகியவற்றுக்குச் செல்லும் வருவாயின் பங்கு முதலாவது. பட்ஜெட்டில் அறிவித்த மூலதனச் செலவில் உண்மையில் செலவிடப்பட்ட தொகை இரண்டாவது. வருவாய் உயர்ந்த ஆண்டில் கடன் தீர்வு நிதியிலும் பிற நிதியங்களிலும் சேர்க்கப்பட்ட தொகை மூன்றாவது. அடுத்த வருவாய்ச் சரிவின்போது அம்மாநிலத்தில் எந்தப் பணிகள் தொடரும், எவை நிற்கும் என்பதை இம்மூன்றும் முன்கூட்டியே உணர்த்தும்.