சக்கர ஈயம் போகும் வழி

கார் சக்கரத்தின் விளிம்பைக் கவ்வியிருக்கும் சின்ன ஈயத் துண்டை யாரும் கவனிப்பதில்லை. ஓட்டத்தில் வண்டி உதறாமலிருக்க, வீல் பேலன்சிங் செய்பவர் தட்டி மாட்டும் எடை அது. அமெரிக்காவில் டயர் மாற்றும்போது கழற்றிய துண்டுகள் கடை மூலையில் ஒரு வாளியில் சேரும். வேட்டைக் குண்டைத் தாமே வார்த்துக்கொள்ளும் ஆட்களுக்கு அந்த வாளி மேல் எப்போதும் ஒரு கண்.

காரணம், அதிலுள்ள கலவை. சுத்த ஈயத்தில் நகத்தால் கீறினாலே தடம் விழும். பிரினெல் அளவில் அதன் கடினம் 5. சக்கர ஈயத்தில் கொஞ்சம் ஆன்டிமனியும் துளி வெள்ளீயமும் இருப்பதால் 11, 12 வரை போகும். பத்திரிகை அச்சகங்களில் எழுத்து வார்த்த லினோடைப் உலோகத்துக்கு 22.

வாளி வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை பொறுக்குவது. துத்தநாக எடை கலந்துவிட்டால் வார்ப்பு கெட்டது. வெட்டுக்குறடால் ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்ப்பார்கள்: ஈயம் சட்டென்று பதியும், துத்தநாகம் விட்டுக்கொடுக்காது. அப்படியும் ஒன்று தப்பி உள்ளே விழுந்தால், சூட்டை அடக்கி வைத்தவர் பிழைத்தார். ஈயம் உருக 327 டிகிரி செல்சியஸ் போதும். துத்தநாகத்துக்கு 419 வேண்டும். உருகாத துண்டு மேலே மிதக்கும், அள்ளிப் போட்டுவிடலாம். அச்சிலிருந்து விழும் குண்டின் மேல் சுருக்கம் தெரிந்தால் அச்சு இன்னும் சூடேறவில்லை என்று பொருள். அந்தக் குண்டு திரும்பவும் கலத்துக்கே போகும்.

1873-இல் அமெரிக்க ராணுவத்துக்காகப் பிறந்த .45-70 தோட்டா இன்றும் இவர்களின் செல்லம். அதன் பழைய குண்டு 405 கிரெயின், அதாவது சுமார் 26 கிராம். அந்தக் குண்டிடம் இவர்கள் கேட்பது இரண்டு முரணான குணங்களை. குழலின் முறுக்கு வரிகளில் ஈயம் ஒட்டாமல் ஓட அது கடினமாக இருக்க வேண்டும்; மானின் உடலுக்குள் விரிய மென்மையாக இருக்க வேண்டும். சிலர் மூக்குக்கு ஒரு கலவை, அடிக்கு ஒரு கலவை என்று ஒரே அச்சில் இரண்டு முறை ஊற்றுகிறார்கள்.

சரியாக வந்ததா என்று சொல்வது பழைய செய்தித்தாள். கட்டுக்கட்டாகத் தண்ணீரில் ஊறவைத்து, இறுக்கி அடுக்கிச் சுட்டபின், ஈரத் தாள்களை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டு போக வேண்டும். மென்மையான குண்டு காளானாக விரிந்து கிடக்கும். கடினமானது போன உருவிலேயே அடுக்கைத் தாண்டியிருக்கும். ஆன்டிமனி கூடி, வேகமும் கூடினால் சில்லுதான் மிஞ்சும். ஆய்வுக்கூடங்களில் இதற்கு 4 டிகிரியில் குளிர்வித்த 10 சதவீத ஜெலட்டின் வைத்திருக்கிறார்கள். ஆனால் மானுக்கு இருக்கும் எலும்பு காகிதத்திலும் இல்லை, ஜெலட்டினிலும் இல்லை.

கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதசாலை பெயர் கொடுத்த விரியும் குண்டை, 1899-இன் ஹேக் பிரகடனம் போரில் விலக்கியது. வேட்டையில் அதே விரிவைக் கருணை என்கிறார்கள். விலங்கு சீக்கிரம் சாகிறதாம். அதில் நியாயமும் இருக்கிறது.

எனக்கு உறுத்துவது தராசுதான். மீட்ட குண்டை நிறுத்து, 405-இல் 390 மிஞ்சினால் அருமையான குண்டு என்று குறித்துக்கொள்வார்கள். குறைந்த 15 கிரெயின் கிட்டத்தட்ட ஒரு கிராம் ஈயம். அது எங்கே போனது என்பதற்கு அந்தக் குறிப்பேட்டில் கட்டம் இல்லை. சோதனையில் அது ஈரத் தாளில் கிடக்கிறது. காட்டில், வேட்டைக்காரர் அங்கேயே வகிர்ந்து விட்டுப்போகும் குடலில் கிடக்கிறது. மெதுவாகப் போகும் வார்ப்புக் குண்டு, செம்பு உறை போட்ட வேகக் குண்டைவிடக் குறைவாகவே சிதறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் குடலைத் தின்ன வரும் காண்டோர் பாறுக்குச் சிறு துணுக்கே அதிகம். அதன் வயிற்று அமிலம் ஈயத்தைக் கரைத்து ரத்தத்தில் சேர்க்கிறது. 1982-இல் 22 மட்டுமே எஞ்சியிருந்த கலிஃபோர்னியக் காண்டோர்களைக் கூண்டில் பெருக்கி 1992 முதல் வெளியே விட்டார்கள். அப்படி விட்டவற்றை இன்னும் பிடித்து ரத்தம் சோதித்து, ஈயம் ஏறியிருந்தால் மருந்து கொடுத்து இறக்குகிறார்கள்.

சாலையில் கழன்று விழும் எடைகள் அரைபட்டுத் தூளாவதால், கலிஃபோர்னியா 2010-இல் ஈயச் சக்கர எடையைத் தடுத்தது. 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. அங்கே வார்ப்பவர் தன் குண்டை ஊறிய காகிதத்தில் எத்தனை வேண்டுமானாலும் சுட்டுப் பார்க்கலாம். மானை மட்டும் சுட முடியாது.