ஸ்டீராய்டுக்கு மசியாத சிறுநீரக நோய் - ஒரு சின்ன வரலாறு

பி.காம். படிக்கிறவனுக்குக் குழந்தைகளின் சிறுநீரகத்தில் என்ன வேலை என்று வகுப்பு நண்பர்கள் கேட்பது காதில் விழுகிறது. கணக்கு இடித்தால் விடாமல் தேடுவதுதானே நம் பிழைப்பு? இதுவும் அப்படி ஒரு தேடல்தான், பொறுமையாகப் படியுங்கள்.

நோயின் பெயர் நெஃப்ராடிக் சிண்ட்ரோம். பெரும்பாலும் சின்னக் குழந்தைகளுக்கு வரும். காலையில் எழுந்தால் கண் இமை வீங்கியிருக்கும், பிறகு கால், வயிறு என்று வீக்கம் இறங்கும். சிறுநீரகம் ஒரு வடிகட்டி. கழிவை வெளியே விட்டு, புரதத்தை ரத்தத்திலேயே நிறுத்த வேண்டும். இந்த நோயில் ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் ஒழுகிவிடும். லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியின் ரிச்சர்ட் பிரைட் 1827ல் இந்த ஒழுகலைப் பற்றி எழுதினார். சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவத்தியில் காட்டினால், முட்டை வெள்ளைக்கரு போல உறையும். லேப் இல்லாத காலத்து டெஸ்ட்!

காரணம் தெரியாததால் வைத்தியமும் இல்லை. பென்சிலின் வருவதற்கு முன் இந்தக் குழந்தைகளில் பாதிக்கு மேல் இறந்துபோனார்கள். கொன்றது பெரும்பாலும் வீக்கம் இல்லை, கிருமித் தொற்று. இடையில் ஒரு விசித்திரம் நடந்தது. தட்டம்மை வந்த சில குழந்தைகளுக்கு வீக்கம் தானாக வடிந்தது. உடனே 1940களில் சில டாக்டர்கள் வேண்டுமென்றே அம்மையைத் தொற்ற வைத்தார்கள். இன்று படித்தால் வயிற்றைக் கலக்குகிறது. ஆனால் கையில் வேறொன்றும் இல்லாதவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. (தட்டம்மை நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் என்பதை வைத்து, இந்த நோயின் வேர் அந்தச் சக்தியில்தான் இருக்கிறது என்று ஷால்ஹூப் என்ற டாக்டர் 1974ல் வாதிட்டார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

1949ல் மூட்டுவாத நோயாளிகளுக்குக் கார்டிசோன் பலித்த செய்தி வந்தது. அடுத்த ஆண்டே இந்த வகை மருந்துகளை வீங்கிய குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வீக்கம் வடிந்தது. எல்லோருக்குமா? அதைக் கணக்கெடுக்க 1960களின் கடைசியில் பல நாட்டு டாக்டர்கள் ஒன்று சேர்ந்தார்கள். ப்ரெட்னிசோன் கொடுத்த 471 குழந்தைகளில் 368 பேருக்குக் குணம் தெரிந்தது என்று 1981ல் எழுதினார்கள். மீதி 103 பேர்?

அவர்களுக்கு வைத்த பெயர்தான் 'ஸ்டீராய்டு ரெசிஸ்டன்ட்'. இருப்பாய்வு இடித்தால் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போடுவோமே, அதே கதை. மருந்து கேட்கவில்லை என்பதைத் தவிர அந்தப் பெயரில் ஒரு தகவலும் இல்லை. குழந்தைக்கோ இது பெயர்ப் பிரச்சினை இல்லை. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டால் முகம் உப்பும், வளர்த்தி நின்றுபோகும், எலும்பு தேயும், கண்ணில் புரை விழலாம். இத்தனையும் பட்ட பிறகும், எந்த மருந்துக்கும் மசியாதவர்களில் பலருக்குச் சிறுநீரகமே செயலிழந்துவிடும்.

விடையின் முதல் துண்டு பின்லாந்தில் கிடைத்தது. அங்கே பிறந்த சில வாரங்களிலேயே, சில சமயம் பிறக்கும்போதே, இந்த நோய் வரும் குழந்தைகள் இருந்தார்கள். நஞ்சுக்கொடி வழக்கத்தைவிடப் பெரிதாக இருக்கும். ஸ்டீராய்டு துளியும் உதவாது. ரெய்யோ நோரியோ என்ற டாக்டர் 57 குடும்பங்களின் வம்சாவளியை அலசி, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுது வந்தால்தான் நோய் வரும் என்று 1966ல் காட்டினார். எந்த மரபணு என்று தெரிய இன்னும் 32 வருடம் ஆனது. 1998ல் கார்ல் ட்ரிக்வாசன் குழுவினர் அதைக் கண்டுபிடித்து, அது உண்டாக்கும் புரதத்துக்கு நெஃப்ரின் என்று பெயர் வைத்தார்கள். வடிகட்டியின் செல்களுக்கு விரல் மாதிரி கால்கள் உண்டு. அந்த விரல்களின் இடுக்கில் வலை கட்டுவது இந்தப் புரதம்தான். 2000ல் பாரிஸில் பொடோசின் என்ற இன்னொரு புரதம் சிக்கியது. இதில் பழுது இருந்தால் கொஞ்சம் வளர்ந்த குழந்தைகளுக்கும் நோய் வரும், ஸ்டீராய்டு கேட்காது.

இப்போது புரிகிறதா? வலையே சரியாகப் பின்னப்படாத வடிகட்டிக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கி என்ன பயன்? மருந்து கேட்காத 1,783 குடும்பங்களைச் சோதித்த 2015ம் ஆண்டு ஆய்வில், ஏறக்குறைய 30 சதவீதத்தினருக்கு ஒற்றை மரபணுக் கோளாறுதான் காரணமாக இருந்தது. நாலு முதல் ஆறு வாரத்தில் ஸ்டீராய்டு கேட்காவிட்டால் மரபணுவைப் பாருங்கள் என்று 2020ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. மரபணுதான் காரணம் என்று தெரிந்துவிட்டால் வீண் மருந்தை நிறுத்தலாம். மற்றவர்களில் பலருக்கு சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகள் பலிக்கின்றன.

எனக்குப் பிடித்த திருப்பம் இனிமேல்தான். ஹெல்சிங்கியில் இந்தக் குழந்தைகளின் இரண்டு சிறுநீரகங்களையும் எடுத்துவிட்டு, டயாலிசிஸில் வளர்த்து, பிறகு மாற்றுச் சிறுநீரகம் வைத்தார்கள். புதியதில் நெஃப்ரின் நன்றாகவே இருந்தது. ஆனாலும் சுமார் நாலில் ஒரு பங்கு மாற்றுச் சிறுநீரகங்களில் ஒழுகல் திரும்பியது! அது திரும்பியதெல்லாம் நெஃப்ரினை உண்டாக்கவே முடியாத குழந்தைகளுக்கு. பிறந்ததிலிருந்து நெஃப்ரினைப் பார்த்தேயிராத உடம்பு, அதை அந்நியன் என்று நினைத்துத் தாக்கியிருக்கிறது. அவர்களில் சிலரின் ரத்தத்தில் நெஃப்ரினுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்ததை 2002ல் வெளியிட்டார்கள்.

அப்போது அது பின்லாந்தின் தனிக் கதை போலத்தான் இருந்தது. பிறகு 2022ல் அமெரிக்காவிலும், 2024ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் டாக்டர்கள் தலைமையில் நடந்த பெரிய ஆய்விலும், மரபணுக் கோளாறு இல்லாத சாதாரண நெஃப்ராடிக் நோயாளிகளின் ரத்தத்தில் அதே எதிர்ப்பொருளைத் தேடினார்கள். 2024 ஆய்வில் குழந்தைகளில் பாதிப் பேருக்கு அது இருந்தது. நோய் அடங்கும்போது எதிர்ப்பொருளும் குறைந்தது. ஷால்ஹூப் ஊகித்த திசை சரிதான். ஸ்டீராய்டு ஏன் சிலருக்குக் கேட்கிறது என்பதற்கான தடயம், அது கேட்கவே கேட்காத குழந்தைகளிடமிருந்து வந்திருக்கிறது. மரபணுவும் சரியாக இருந்து, இந்த எதிர்ப்பொருளும் இல்லாத குழந்தைகளின் நோய்க்குக் காரணத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.