கைப்பட வந்த வாழ்த்து

வாழ்த்துதல் தமிழர்க்குப் புதிய வழக்கமன்று. நூல் செய்வோர் வாழ்த்துப் பாடியே தொடங்கினர். மணமக்களைப் பெரியோர் அறுகரிசி தூவி வாழ்த்தினர். தொலைவில் உறைவோர்க்கு ஓலை எழுதி நலம் உரைத்தனர். ஆயினும், ஒரு மட்டையை மடித்து, அதன்மேல் பூவும் கொடியும் பதித்து, உள்ளே இரண்டு வரி எழுதி, தபால் முத்திரை ஒட்டி அனுப்பும் வழக்கத்துக்கு இருநூறு ஆண்டு இன்னும் நிரம்பவில்லை. அச்சிட்ட மட்டை கடையிலே மலிவாகக் கிடைக்கும்போது, ஒருவர் கத்தரிக்கோலும் பசையும் எடுத்துப் பாடுபட்டுத் தாமே ஒன்றைச் செய்வானேன்? இவ்வினாவுக்கு வரலாறு விடை கூறுகின்றது. அவ்விடையின் ஒரு பகுதி இலண்டனிலும், ஒரு பகுதி வவுனியாவிலும் உள்ளது.

1840ஆம் ஆண்டுக்கு முன்னர் பிரித்தானியாவில் கடிதத்துக்குரிய கட்டணம் தூரத்தையும் தாளின் எண்ணிக்கையையும் பொறுத்து விதிக்கப்பட்டது. பெரும்பாலும் பெறுபவரே அதனைச் செலுத்த வேண்டியிருந்தது. வறியவர் வீட்டு வாசலுக்குக் கடிதம் வருவது மகிழ்ச்சியாகவும் இருக்கலாம், கடனாகவும் இருக்கலாம். ரோலண்ட் ஹில் என்பாரின் முயற்சியால் 1840இல் ஒரு பென்னிக் கட்டணமும், முன்கூட்டியே வாங்கி ஒட்டும் முத்திரையும் நடைமுறைக்கு வந்தன. அம்முயற்சியில் அவருக்குத் துணை நின்றவர்களுள் ஹென்றி கோல் ஒருவர். 1843ஆம் ஆண்டு நத்தார் காலத்தில், தமக்கு வரும் கடிதங்களுக்கெல்லாம் தனித்தனியே மறுமொழி எழுத நேரமின்றி, ஜோன் ஹோர்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு ஒரு படம் வரைவித்து, ஏறக்குறைய 1,000 மட்டைகளை அச்சிடுவித்தார். ஒன்றின் விலை ஒரு ஷில்லிங். அஃதாவது, தபாற் கட்டணத்தைப்போல் பன்னிரு மடங்கு.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. அந்த முதல் நத்தார் மட்டையின் கோடுகள் அச்சில் வந்தன; வண்ணமோ கையாலே தீட்டப்பட்டது. பொறியும் கையும் அன்று ஒன்றுக்கொன்று துணையாய் இருந்தன.

அதே நூற்றாண்டில் சரிகைப் பின்னல்போலத் தோன்றும் துளைத் தாளும் இங்கிலாந்தில் பெருவழக்காயிற்று. செதுக்கிய உலோக அச்சில் தாளை அழுத்தினால் புடைப்புகள் எழும். அப்புடைப்புகளின் முனையை மெல்லத் தேய்த்துவிட்டால் நுண்ணிய துளைகள் தோன்றும். இன்று பூ வடிவத்திலும் நட்சத்திர வடிவத்திலும் தாளைத் துளைக்கும் சிறு கருவிகளை நாம் காண்கிறோம். அவற்றின் மூதாதையர் இவ்வச்சுகளே எனலாம். 1840களின் இறுதியில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் எஸ்தர் ஹவ்லண்ட் என்னும் பெண்மணி இத்தாளை இங்கிலாந்திலிருந்து தருவித்து அன்பு மட்டைகள் செய்தார். வேலை பெருகியபோது பெண்கள் பலரை ஒரு மேசையைச் சுற்றி அமர்த்தி, ஒருவர் வெட்ட, ஒருவர் அடுக்க, ஒருவர் ஒட்ட எனத் தொழிலைப் பகுத்தார். பின்னர் 1870களில் பொஸ்ரன் நகரின் லூயி பிராங் பல வண்ணக் கல்லச்சில் வாழ்த்து மட்டைகளைப் பெருந்தொகையாக வெளியிட்டார். அதன் பின் கைக்கு வேலை குறைந்தது. பெயரெழுதிக் கையொப்பம் இடுவதே அனுப்புவோரின் பங்காயிற்று.

இலங்கையில் முதல் தபால் முத்திரை 1857இல் வெளிவந்தது. கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் இணைத்த புகையிரதப் பாதை 1905இல் முழுமை பெற்றது. அப்பாதையிலே, காடும் குளமும் சூழ்ந்த வன்னியின் வாயிலாக அமைந்தது வவுனியா. தைப்பொங்கல், நோன்புப் பெருநாள், வெசாக், நத்தார் ஆகிய நான்கையும் கொண்டாடும் மக்கள் வாழும் மாவட்டம் அது. ஆகவே வாழ்த்து மட்டைக்கு அங்கே ஆண்டில் ஒரு பருவமன்று, நான்கு பருவங்கள்.

கையால் மட்டை செய்வதற்கு வேண்டிய பொருள்களை ஊரே தரும். வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டிச் சாயத்தில் தோய்த்துத் தாளில் ஒற்றினால் ஐந்திதழ்ப் பூ ஒன்று பதியும். வாழைத்தண்டின் வெட்டுமுகம் வலைபோன்ற கோலத்தைத் தரும். உருளைக்கிழங்கைப் பாதியாக அரிந்து, கத்தி முனையால் செதுக்கினால் வேண்டிய உருவத்துக்கு அச்சுக் கிடைக்கும். ஒட்டுவதற்குக் கோதுமைமாப் பசை உண்டு. விளாமரத்துப் பிசினும் உண்டு. வவுனியாவின் பழம்பெயர் வவுனியன் விளாங்குளம் என்பதை அறிந்தோர்க்கு இது பொருத்தமாகவே தோன்றும். பாடசாலைச் சித்திர வகுப்பில் பிள்ளைகள் இவ்வச்சுகளைப் பயில்கின்றனர். இரண்டாம் முறை ஒற்றும்போது சாயம் சற்று மங்கும். மூன்றாம் முறை கை சற்று விலகும். அதனால் ஒரு மட்டை மற்றொன்றைப்போல் இராது. பொறி இதனைக் குறை என்று தள்ளும். பெறுபவர் இதனைக் கையின் அடையாளம் என்று கொள்வர்.

போர்க்காலம் இவ்வடையாளத்தின் மதிப்பை உணர்த்திற்று. 1990இல் வவுனியாவுக்கு வடக்கே புகையிரதம் ஓடாது நின்றது. கொழும்பிலிருந்து வந்த பாதை அந்நகரோடு முடிந்தது. வடக்கே பொருளாதாரத் தடை இறுகியபோது யாழ்ப்பாணத்து நாளிதழ்கள் கோடிட்ட அப்பியாசக் கொப்பித் தாளிலும் அச்சாயின. தாளே அரிதான நிலத்தில் அழகிய மட்டைக்கு எங்கே போவது? தபாற் பை ஒழுங்காகச் செல்லாத இடங்களில் பிரிந்த குடும்பங்களின் செய்தியைச் செஞ்சிலுவைச் சங்கம் சுமந்தது. உறையில் மூடாத திறந்த தாள் அது; குடும்ப நலனன்றி வேறு செய்தி அதில் எழுதலாகாது. இரண்டாம் உலகப் போரின்போது அத்தகைய மடல்களுக்கு 25 சொற்களே எல்லையாக இருந்தன. அவற்றில் பூவுமில்லை, கொடியுமில்லை. எனினும் பெற்ற தாய் முதலிலே தேடுவது மகனின் கையெழுத்தையே. அவ்வெழுத்தைக் கண்ட பின்னரே செய்தியை வாசிப்பாள். அது அவன் உயிரோடிருப்பதற்குச் சான்று.

2009இல் வன்னி மக்களுள் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வவுனியா மாவட்டத்தின் செட்டிகுளப் பகுதி முகாம்களில் வாழ நேர்ந்தது. அங்கே நிலையான முகவரி என்பதே இல்லை. முகவரி இல்லாதவர்க்கு வாழ்த்து எவ்வாறு போய்ச் சேரும்? வாழ்த்து மட்டைக்கு மட்டையும் முத்திரையும் மட்டும் போதா. அனுப்பும் வீடும் பெறும் வீடும் வேண்டும் என்ற உண்மையை அக்காலம் கற்பித்தது. அம்முகாம்களுள் கடைசியானது 2012இல் மூடப்பட்டது. 2014இல் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் சென்றது.

இன்று வாழ்த்து கைத்தொலைபேசியில் ஒரு நொடியில் வருகின்றது. ஒரே படத்தை நூறு பேருக்கு அனுப்பலாம். ஹென்றி கோல் விரும்பிய நேரச் சிக்கனம் இப்பொழுது முழுமையாகக் கைகூடிவிட்டது. அதனைக் குறை கூற வேண்டியதில்லை. தொலைவில் வாழும் உறவினரின் குரலை அதே கருவியன்றோ கொண்டுவருகிறது? ஆனால் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. அச்சு மட்டையும் தொலைபேசிப் படமும் அனுப்புவோரின் நேரத்தை மிச்சப்படுத்துகின்றன. கையால் செய்த மட்டையோ அந்நேரத்தைச் செலவிட்டு, செலவிட்டதைக் கண்ணுக்குக் காட்டுகின்றது. கோணலாய் வெட்டிய ஓரமும், ஒதுங்கிய பசையும், மங்கிய வெண்டிக்காய்ப் பூவும் சொல்லும் செய்தி ஒன்றே: ஒருவர் நம்மை நினைத்து ஒரு நாழிகை அமர்ந்திருந்தார்.

பிரிவை நன்கறிந்த மண்ணுக்கு இச்செய்தியின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வவுனியாவில் சித்திர வகுப்பிலிருந்து திரும்பும் பிள்ளை நீட்டும் ஈரம் உலராத மட்டையைப் பெற்றோர் ஒரு கணம் நின்று வாங்கிப் பார்ப்பாராயின், இவ்வரலாறு அறுபடாது தொடரும்.