சிவப்பு டாங்கி காங்: ஒரு பெட்டி, இரண்டு விளையாட்டு

1972-ஆம் ஆண்டு, கலிபோர்னியா மாநிலத்தின் சன்னிவேல் நகரில் இருந்த ஆண்டி கேப்ஸ் டேவர்ன் என்னும் மதுக்கூடத்திலிருந்து அடாரி நிறுவனத்துக்கு ஒரு புகார் வந்தது. அங்கே சோதனைக்காக வைக்கப்பட்டிருந்த பாங் விளையாட்டுப் பெட்டி நின்றுவிட்டது. அதை வடிவமைத்த அல் அல்கார்ன் நேரில் சென்று திறந்து பார்த்தார். மின்சுற்றில் பழுதில்லை. திரையாகப் பயன்பட்ட ஹிட்டாச்சி கருப்பு வெள்ளைத் தொலைக்காட்சியும் நன்றாகவே இருந்தது. காசு சேரும் பாத்திரம் நிரம்பி, நாணயப் பொறி அடைபட்டிருந்தது, அவ்வளவுதான்.

வீடியோ விளையாட்டின் வரலாற்றை எழுதுவோர் இந்நிகழ்ச்சியை ஒரு பெருந்தொழிலின் நல்ல சகுனமாகக் குறிப்பிடுவர். ஆனால் இப்பெட்டிகளுக்குப் பின்னாளில் என்ன நேர்ந்தது என்று அறிய விரும்புவோர், அன்று நிரம்பி வழிந்த காசை விடுத்து, கதவைத் திறந்த சாவி யார் கையில் இருந்தது என்பதையே கவனிக்க வேண்டும். விளையாடியவருக்கும் மதுக்கூட உரிமையாளருக்கும் பெட்டி சொந்தமன்று. அமெரிக்க நாணய இயந்திரத் தொழிலில் இசைப்பெட்டி, பின்பால் காலத்திலிருந்தே ஓர் ஒழுங்கு நிலவியது: உற்பத்தியாளரிடமிருந்து விநியோகஸ்தர் வாங்குவார், அவரிடமிருந்து ஆபரேட்டர் எனப்படும் இடைநிலை வணிகர் வாங்கி, மதுக்கூடம், பீட்சா கடை, பந்துருட்டுக் கூடம் என ஊர் முழுவதும் வைப்பார். விழும் காசை இடத்துக்கு உரியவரோடு, பெரும்பாலும் சரிபாதியாக, பகிர்ந்துகொள்வார். பழுதானால் அவருடைய ஆளே வந்து பார்ப்பான். ஆபரேட்டருக்குப் பெட்டி என்பது மாதந்தோறும் வட்டி தரவேண்டிய முதல். வட்டி குறைந்தால் பெட்டியை மாற்றியாக வேண்டும்.

இந்த ஒழுங்கை மனத்தில் கொண்டால்தான் சிவப்பு டாங்கி காங் பெட்டியின் கதை விளங்கும்.

நிண்டெண்டோவின் அமெரிக்கக் கிளையை 1980-இல் தொடங்கியவர் மினோரு அரகாவா. நிறுவனத் தலைவர் ஹிரோஷி யமவுச்சியின் மருமகன். அவர் ரேடார் ஸ்கோப் என்னும் விண்வெளிச் சுடும் விளையாட்டின் மீது நம்பிக்கை வைத்து 3,000 பெட்டிகளை ஜப்பானிலிருந்து வரவழைத்தார். கடல்வழியாக அவை அமெரிக்கக் கிழக்குக் கரையை அடைய மாதங்கள் ஆயின. அதற்குள் ஆபரேட்டர்களின் ஆர்வம் தணிந்துவிட்டது. ஏறத்தாழ 1,000 பெட்டிகள் விற்றன. மீதமுள்ள 2,000 கிடங்கில் முடங்கின. புதிதாக முளைத்த ஒரு கிளை நிறுவனத்தை மூழ்கடிக்க இந்த இருப்பு ஒன்றே போதும்.

அரகாவா மாமனாரிடம் மாற்று விளையாட்டு ஒன்றைக் கேட்டார். அப்பணி ஷிகெரு மியாமோட்டோ என்ற இளம் வடிவமைப்பாளரிடம் சென்றது. குன்பெய் யோகோய் மேற்பார்வையிட்டார். கதைமாந்தரைப் படைத்த கை மியாமோட்டோவுடையது என்பது உலகறிந்தது. அந்தப் படைப்புக்கு விதிக்கப்பட்டிருந்த வரம்பு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை: விற்காத பெட்டிக்குள் ஏற்கெனவே இருந்த மானிட்டரிலும் பலகைகளிலும் புதிய விளையாட்டு ஓடியாக வேண்டும். டாங்கி காங் பிறந்தது ஒரு மறுபயன்பாட்டுத் திட்டமாகத்தான்.

மாற்று உதிரிகள் சியாட்டிலை அடுத்த டக்விலாவில் இருந்த கிடங்குக்கு வந்து சேர்ந்தன. அரகாவா, அவர் மனைவி யோகோ, டான் ஜேம்ஸ், ஹோவர்ட் பிலிப்ஸ் முதலான சிலர் சேர்ந்து ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, சில்லுகளை மாற்றி, பழைய படங்களின் இடத்தில் புதியவற்றை ஒட்டினர். முதலில் மாற்றப்பட்டவை சியாட்டில் பகுதியின் இரு மதுக்கூடங்களில் வைக்கப்பட்டன. தயங்கியே இடம் கொடுத்த மேலாளர்கள், நாளொன்றுக்கு 30 டாலர், அதாவது 120 ஆட்டம், ஒரு வாரம் விடாமல் விழுவதைக் கண்டு இன்னும் வேண்டும் என்றனர். 1982-ஆம் ஆண்டு ஜூன் இறுதிக்குள் சுமார் 60,000 டாங்கி காங் பெட்டிகள் விற்றிருந்தன.

அவற்றுள் மிகப் பெரும்பாலானவை நீல நிறம். ரேடார் ஸ்கோப் பெட்டியின் நிறம் சிவப்பு. ஆகவே முதலில் மாற்றப்பட்ட டாங்கி காங் பெட்டிகளும் சிவப்பாகவே வெளியேறின. இன்று யாரோ ஒருவருடைய கார் நிறுத்தும் கொட்டகையில் தூசுபடிந்த சிவப்புப் பெட்டி ஒன்றைக் காண்பவர், அந்தக் கிடங்கில் சிலர் கையாலேயே செய்த வேலையின் எச்சத்தைக் காண்கிறார் என்று பொருள்.

ஒரு விளையாட்டை அழித்து மற்றொன்றை ஏற்றும் இவ்வழக்கம் நிண்டெண்டோவின் நெருக்கடியோடு நின்றுவிடவில்லை. 1980-களின் நடுவில் தொழில் சரிந்தபோது, புதுப்பெட்டி வாங்கப் பணமில்லாத ஆபரேட்டர்களுக்கு மாற்றுத் தொகுப்பே பிழைக்கும் வழி. பலகை, நெற்றிப் பலகைக்கான படம், கட்டுப்பாட்டுத் தட்டுக்கான ஒட்டுத்தாள் ஆகியவை ஓர் அட்டைப்பெட்டியில் வந்துசேரும். ஜப்பானிய உற்பத்தியாளர் சங்கம் 1985-இல் ஜாம்மா என்ற பொதுவான 56 முனை இணைப்பு முறையை வகுத்தபின் மாற்றும் வேலை இன்னும் எளிதாயிற்று. 1991-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 எத்தனையோ பழைய பெட்டிகளின் வயிற்றுக்குள் புகுந்தது. கருப்பு வண்ணம் பூசிய பக்கப்பலகையைச் சுரண்டினால் அதற்கு முந்திய விளையாட்டின் ஓவியம் தலைகாட்டும். ஓலையைச் சுரண்டி மீண்டும் எழுதியதைப் போன்ற இந்த அடுக்குகளை ஆபரேட்டர் சேதம் என்று கருதியதே இல்லை. அவருக்கு அது ஆண்டுப் பராமரிப்பு.

பின்னர் வட்டி முற்றிலும் நின்றது. வீட்டுக் கன்சோல்கள் கூடங்களை வெறுமையாக்க, ஆபரேட்டர்கள் ஏலத்தில் விற்றனர். விற்காதவற்றைக் குப்பையில் எறிந்தனர். எறிய மனமில்லாதவர்கள் கிடங்கின் பின்பகுதியில் அடுக்கினர். இன்றைய சேகரிப்பாளருக்குப் பெட்டி வந்துசேரும் வழிகள் இவைதாம்: ஓய்வுபெற்ற ஆபரேட்டர், மூடிய மதுக்கூடத்தின் வாரிசு, பிள்ளைகளுக்கென ஒருகாலத்தில் வாங்கி நிலவறையில் வைத்த குடும்பம். விற்பவரிடம் பெரும்பாலும் சாவி இராது. பூட்டைத் துளையிட்டுத்தான் திறக்க வேண்டும். "கடைசியாகப் போட்டபோது ஓடியது" என்பார். அந்தக் கடைசி எப்போது என்பதை உள்ளே இருக்கும் எலிக்கூடு சொல்லும். ஈரத்தரையில் நின்ற பெட்டியின் அடிப்பகுதி, மரத்தூளை அழுத்திச் செய்த பலகையாயின், நீர் குடித்து உப்பியிருக்கும். மின்பழுதைவிட இதைச் சரிசெய்வதே கடினம் என்பது அனுபவப்பட்டவர்கள் சொல்வது.

சிவப்புப் பெட்டியை வாங்கியவருக்கு வேறு சில பாடங்களும் காத்திருக்கின்றன. அதன் 20 அங்குல சான்யோ மானிட்டர் ஜப்பானிய 100 வோல்ட்டுக்கு உரியது. அமெரிக்க மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கவென்றே பெட்டியின் அடியில் கனத்த டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று உண்டு. அதைத் தேவையற்ற சுமை என்று கழற்றி எறிபவர் மானிட்டருக்குத் தீங்கு தேடிக்கொள்கிறார். மேலும், நிண்டெண்டோ பலகை அனுப்பும் வண்ணச் சமிக்ஞை பிறருடையதற்கு நேர்மாறானது. வழக்கமான அமெரிக்க மானிட்டர் ஒன்றை இணைத்தால், கருப்பு வானம் வெளுத்து, எல்லாம் புகைப்பட நெகட்டிவ் போலத் தோன்றும். இடையில் சமிக்ஞையைத் திருப்பும் சிறு பலகை ஒன்று வேண்டும். பலகை கெட்டுவிட்டது என்று எண்ணி நல்ல சில்லுகளைப் பிடுங்குவோரும் உண்டு.

எல்லாப் பழைய பெட்டிக்கும் பொதுவான நோய் கெபாசிட்டர்கள் வறள்வது. ஆண்டுக்கணக்கான வெப்பத்தில் அவற்றினுள் இருக்கும் திரவம் உலர, படம் சுருங்கும், நெளியும், மங்கும். அவற்றை மொத்தமாக மாற்றுவதே வழக்கமான முதல் சிகிச்சை. ஆனால் படக்குழாய் மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடியது. தரையிணைப்புக் கம்பி கட்டிய திருப்புளியை ரப்பர் மூடிக்கடியில் செலுத்தி அதை வடித்த பிறகே கைவைக்க வேண்டும். இந்தப் பாடத்தை நூலிலிருந்து கற்றவர்களைக் காட்டிலும் மூத்த தொழிலாளியின் அருகில் நின்று கற்றவர்களே மிகுதி. அத்தொழிலாளிகள் இன்று முதுமையில் இருக்கின்றனர். படக்குழாயும் இனி வருவதற்கில்லை. உலகில் அதைக் கடைசிவரை தயாரித்தவற்றுள் ஒன்று இந்தியாவின் வீடியோகான் நிறுவனம். அதுவும் 2015 அளவில் நிறுத்திவிட்டது. உடைகிற ஒவ்வொரு குழாயும் ஏற்கெனவே இருக்கும் தொகையிலிருந்து ஒன்றைக் குறைக்கிறது.

இவ்வளவு பாடுபடுவது பழைய நினைவுக்காக மட்டுமென்றால் அது அவரவர் விருப்பம். ஆனால் இப்பெட்டிகள் வேறெங்கும் எழுதப்படாத செய்திகளைத் தாங்கியிருக்கின்றன. டாங்கி காங் நிரல் பதிந்த சில்லுகளுள் விளையாட்டில் ஒருபோதும் திரைக்கு வராத ஆங்கில வரி ஒன்று உண்டு. நிரலைப் பிரித்து ஆராய்பவருக்கு வாழ்த்துக் கூறி, ஐயமிருந்தால் கேட்குமாறு தொலைபேசி எண்ணும் கொடுத்து, இகெகாமி என்ற பெயரையும் பதித்திருக்கிறது அது. நிரலை எழுதியது ஒப்பந்தத்தின்பேரில் பணியாற்றிய இகெகாமி சுஷின்கி நிறுவனம். உரிமை குறித்து அந்நிறுவனம் 1983-இல் நிண்டெண்டோ மீது வழக்குத் தொடுத்தது. 1990-இல் சமரசம் ஏற்பட்டது. பெட்டியின் வெளிப்புறத்தில் எங்கும் காணாத பெயரைச் சில்லு மறக்காமல் வைத்திருந்தது. 1997-இல் இத்தாலியரான நிக்கோலா சால்மோரியா தொடங்கிய மேம் மென்பொருள், அசல் சில்லுகளைப் படித்தெடுத்தே பழைய விளையாட்டுகளைக் கணினியில் பாதுகாக்கிறது. அந்தச் சில்லுகளுள் பல தனியாரின் கொட்டகைகளிலிருந்து வந்தவை. முரண் என்னவெனில், அதே மென்பொருளை ஓட்டுவதற்கென்று நல்ல அசல் பெட்டிகளின் குடலை உருவி எறிந்து கணினியைப் பொருத்தியவர்களும் அதே காலத்தில்தான் பெருகினர்.

காலம் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு பொறுமை காட்டுவதில்லை. கேப்காம் 1993-இல் அறிமுகப்படுத்திய சிபிஎஸ்-2 பலகைகளில், கள்ளப் பிரதியைத் தடுக்க, நிரலின் மறைகுறித் திறவு ஒரு சிறு பேட்டரியின் தயவில் நினைவகத்தில் நின்றது. பேட்டரி தீர்ந்தால் பலகை ஊமையாகும். சேகரிப்பாளர்கள் அதைத் தற்கொலை பேட்டரி என்றே அழைத்தனர். பலகையின் அசல் வன்பொருளை மாற்றாமல் திறவை மீண்டும் எழுதும் முறையை ஆர்வலர்கள் 2016-இல் கண்டறிந்து வெளியிட்டனர். ஊமையாகிக் கிடந்த பலகைகள் பேசத் தொடங்கின. அதற்குள் எத்தனையோ பலகைகள் குப்பைக்குப் போயிருந்தன.

சிவப்புப் பெட்டியை வாங்கியவர் முன் இனி ஒரு கேள்வி நிற்கும். ரேடார் ஸ்கோப் பெட்டிகளுள் மூன்றில் இரண்டு பங்கு டாங்கி காங்காக மாறிவிட்டதால் மாறாதவை அரியவை. ஒட்டுப்படத்தை உரித்து, பலகையைப் பழைய நிலைக்குக் கொணர்ந்தால் அரிய பொருள் ஒன்று கிடைக்கும் என்ற ஆசை எழுவது இயல்பே. ஆனால் அப்படிச் செய்பவர், 1981-இல் டக்விலாவில் அந்தச் சிலர் செய்த வேலையைத் துடைத்துவிடுகிறார். கோணலாக ஒட்டிய ஒரு படமும் அவசரமாகப் பற்றவைத்த ஒரு கம்பியும் அந்நாட்களின் ஆவணம். மறுபுறம், மூன்றாவதாக ஓர் ஆபரேட்டர் 1980-களின் இறுதியில் ஏற்றிய வேறொரு விளையாட்டை நீக்கி டாங்கி காங்கை மீட்பவரை எவரும் குறைசொல்வதில்லை. முதல் மாற்றம் வரலாறு, மூன்றாம் மாற்றம் சேதம் என்று பிரிக்கும் கோடு விற்பனை விலையால் வரையப்படுகிறதே ஒழிய, தொழிலின் வழக்கத்தால் அன்று. இதை ஒப்புக்கொள்ளச் சேகரிப்பாளர் பலருக்கு மனம் வருவதில்லை.

கவனமுள்ள சிலர் ஒரு வழி கண்டிருக்கின்றனர். எதைக் கழற்றினாலும் முன்பாகப் படமெடுக்கின்றனர்; கழற்றிய படத்தையும் கம்பியையும் எறியாமல் உறையிட்டுப் பெட்டிக்குள்ளேயே வைக்கின்றனர்; சில்லுகளைப் படித்துப் பதிவுசெய்த பின்னரே மாற்றுகின்றனர். சிகரெட் சுட்ட கட்டுப்பாட்டுத் தட்டை அப்படியே விட்டுவிடுவோரும் உண்டு.

நாணயக் கதவின் பின்னே ஒரு சிறு இயந்திர எண்காட்டி இருக்கும். விழும் ஒவ்வொரு 25 சென்ட் காசுக்கும் ஓர் எண் முன்னேறும், பின்னோக்கித் திரும்பாது. ஆபரேட்டரும் இடத்துக்காரரும் ஒருவரையொருவர் ஏமாற்றாதிருக்க வைத்த ஏற்பாடு அது. எந்த விளையாட்டுக்காகக் காசு விழுந்தது என்பது அதற்குத் தெரியாது. பழுதுபார்த்து முடித்தவர் சோதனைக்காக முதல் காசைப் போடும்போது, அது கடைசி ஆபரேட்டர் விட்ட எண்ணிலிருந்து ஒன்று கூட்டிக்கொள்கிறது.