கொழுந்தும் விழிப்பும்: மூணாற்று மலைகளில் ஓர் ஊக்கியின் வரலாறு

வேலையில் கவனம் சிதறக் கூடாது என்று நகரத்து அலுவலகங்களில் பலர் இன்று விழுங்கும் மாத்திரைகளில் ஒரு வகை உண்டு. அதன் மேலுறையில் இரண்டு பெயர்கள் இருக்கும்: காஃபின், எல்-தியானைன். முன்னது தூக்கத்தைத் தள்ளிப்போடும்; பின்னது அதனால் வரும் படபடப்பைத் தணிக்கும் என்பது விற்போர் கூற்று. இந்த இணை ஆய்வகத்தில் பிறந்த புதுமையன்று. தேயிலைக் கொழுந்து ஒவ்வொன்றிலும் அது இயல்பாகவே இருக்கிறது. அந்தக் கொழுந்தைக் கிள்ளும் தமிழ்க் குடும்பங்கள் இடுக்கி மாவட்டத்து மலைகளில் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. ஊக்கிகளைப் பற்றிய பேச்சில் அவர்கள் இடம்பெறுவது அரிது. ஆயினும், வேலைக்காக விழிப்பை விலைக்கு வாங்கும் பழக்கம் தென்னிந்தியாவில் எப்படி வேரூன்றியது என்பதை அம்மலைகளை விட்டுவிட்டுச் சொல்ல இயலாது.

சொல்லிலிருந்து தொடங்கலாம். சீனத்து அமோய்த் துறைமுகப் பேச்சுவழக்கில் இச்செடியின் பெயர் 'தே'. டச்சு வணிகர் வழியே ஐரோப்பா சென்று, ஆங்கிலத்தில் அது 'டீ' ஆயிற்று. காண்டன் வழக்கிலும் வட சீனத்திலும் அதே செடிக்குச் 'சா' என்று பெயர்; போர்த்துக்கீசியரும் பாரசீகரும் கொண்டு சென்ற வடிவம் அது. தமிழின் தேயிலை, தேநீர், டீ மூன்றும் முதற்கிளையைச் சேர்ந்தவை. மலையாளம் இலைக்குத் 'தேயில' என்றும் பானத்துக்குச் 'சாயா' என்றும் இரு கிளைகளையும் வைத்துக்கொண்டது. இலங்கை மலையகத்தில் 'தேத்தண்ணி', 'சாயத்தண்ணி' என்று வேறு மரபு. தேநீரைத் 'தேன் + நீர்' என்று பிரித்து மகிழ்வோர் இன்றும் உண்டு. இனிப்பான பிழை, ஆனால் பிழைதான். இச்சொற்களில் எதுவும் பழந்தமிழ்ச் சொல்லன்று. பொருளே பிற்காலத்தில் வந்தது.

1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். அடுத்த சில ஆண்டுகளில் அங்கே பயிரானவை காப்பி, சிங்கோனா, ஏலம், சீசல் முதலியவை. 1880இல் ஏ. எச். ஷார்ப் என்பவர் பார்வதி என்ற இடத்தில் தேயிலையை நட்டார். 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி தோன்றியபின் மற்றப் பயிர்கள் பின்வாங்க, தேயிலை மலைமுழுதும் பரவியது. காட்டை அழித்து நட ஆள் வேண்டியிருந்தது. திருநெல்வேலி, மதுரைச் சீமைகளின் வறண்ட ஊர்களில் கங்காணிகள் முன்பணம் கொடுத்து ஆள் கூட்டினார்கள். போடிநாயக்கனூரிலிருந்து மலைப்பாதை வழியே குடும்பங்கள் ஏறின. பதப்படுத்திய தேயிலை எதிர்த்திசையில் இறங்கியது: குண்டளைப் பள்ளத்தாக்கின் சிறு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை, அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடி வரை, பின்பு போடி. 1924 வெள்ளத்தில் அந்த ரயில்பாதை அழிந்து போயிற்று, மீண்டும் அமைக்கப்படவில்லை.

ஏறியவர்களுக்குத் தேநீர் குடிக்கும் பழக்கம் இருக்கவில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. அவர்கள் கொண்டுவந்த ஊக்கி வெற்றிலை, பாக்கு, புகையிலை. பாக்கிலுள்ள அரிகோலினும் புகையிலையின் நிக்கோடினும் பசியை மங்கச் செய்து, உடலைச் சற்று நேரம் சுறுசுறுப்பாக்கும். நடவு வயலிலும் சுமை தூக்கும் துறையிலும் அதுவே உழைப்பாளியின் துணை. வாய்ப் புற்றுநோய் அதற்குத் தரும் விலை என்பது பின்னாளில் தெளிவாயிற்று. தேயிலையோ லண்டன் சந்தைக்கான சரக்கு. பயிரிடுபவர் அதைப் பருகவேண்டும் என்று முதலில் எவரும் கருதவில்லை.

சந்தை சுருங்கியபோதுதான் உள்நாட்டு வாய்கள் நினைவுக்கு வந்தன. 1903இல் ஏற்றுமதித் தேயிலை மீது தீர்வை விதிக்கப்பட்டு, அந்தப் பணம் தேயிலை விளம்பரத்துக்கு ஒதுக்கப்பட்டது. முதல் உலகப்போர்க் காலத்தில் ஆலைகள், பஞ்சாலைகள், நிலக்கரிச் சுரங்கங்கள் ஆகியவற்றில் தேநீர்க் கடைகள் திறக்க ஊக்கம் தரப்பட்டது. 1930களின் பொருளாதார மந்தத்தில் விலை சரிந்தது. 1933இல் பன்னாட்டு ஒப்பந்தம் ஏற்றுமதிக்கு வரம்பு கட்டியது. தேங்கிய சரக்கை இந்தியாவிலேயே விற்க 1937இல் தேயிலைச் சந்தை விரிவாக்க வாரியம் அமைந்தது. வண்டிகள் ஊர் ஊராகப் போயின. இலவசக் கோப்பைகள் நீட்டப்பட்டன. மக்களிடம் தேநீர் சுவைப்பொருளாக மட்டும் விற்கப்படவில்லை. களைப்பு நீக்கி, சுறுசுறுப்புத் தருவது என்றே அது அறிமுகமாயிற்று. ஆலை முதலாளிக்கும் அந்த வாதம் உவப்பாக இருந்தது. ஒரு கோப்பைக்குப் பின் கை வேகமாக ஓடுமானால் பத்து நிமிட இடைவேளை நட்டமாகாது. தேநீர் இடைவேளை தொழிலாளிக்குக் கிடைத்த உண்மையான ஓய்வு என்பதையும் மறுக்கக் கூடாது. ஆனால் அந்த ஓய்வுக்குக் கணக்குப் பார்த்துத்தான் இடம் தரப்பட்டது. காந்தி இப்பானத்தை ஏற்கவில்லை. உடல்நலம் பற்றிய சிறுநூலில் தேநீரும் காப்பியும் உடலுக்குத் தேவையற்றவை என்றார். தேயிலையின் டானினைத் தோல் பதனிடும் பொருளோடு ஒப்பிட்டார்.

அவர் சொன்னதில் ஒரு பகுதிக்குப் பின்னால் வந்த அறிவியல் வேறு காரணங்களால் துணை நிற்கிறது. காஃபின் 1819இல் காப்பிக்கொட்டையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. 1827இல் தேயிலையில் கண்டறிந்த 'தீன்' என்ற பொருளும் காஃபினே என்பது பிறகு உறுதியாயிற்று. விழித்திருக்கும் நேரம் முழுதும் மூளையில் அடினோசின் சேர்ந்துகொண்டே வரும். சோர்வை உணர்த்துவது அதுதான். காஃபின் அடினோசினை அகற்றுவதில்லை. அது வந்து அமரும் இடத்தைத் தான் பிடித்துக்கொள்கிறது. சோர்வு தீர்வதில்லை, உணரப்படாமல் இருக்கிறது. உட்கொண்டதில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணிநேரம் ஆகும் என்பதால் மாலையில் குடித்தது இரவுத் தூக்கத்தைக் கரைக்கும். மறுநாள் காலையில் மேலும் ஒரு கோப்பை தேவைப்படும். தியானைனை 1949இல் ஜப்பானியர் தேயிலையில் கண்டறிந்தனர். அது செடியின் வேரில் உருவாகிக் கொழுந்துக்கு ஏறும். வெயில் படப்பட வேறு பொருள்களாக மாறிவிடும். இரண்டையும் சேர்த்து உட்கொண்டவர்களிடம் கவனம் சற்றுக் கூடியதாகச் சிறிய ஆய்வுகள் சில காட்டியுள்ளன. ஆனால் மாத்திரையில் அடைபடும் தியானைன் பெரும்பாலும் நொதிகளைக்கொண்டு ஆலையில் ஆக்கப்படுவது. காஃபினிலும் பெரும்பகுதி செயற்கை. மூணாற்றுக் கொழுந்துக்கு அந்த வணிகத்தில் பங்கு இல்லை எனலாம்.

தேயிலையின் பாலிஃபீனால்கள் உணவிலுள்ள இரும்புச்சத்தைப் பிணைத்து, உடல் அதை ஏற்காமல் தடுப்பவை. சோற்றோடும் கஞ்சியோடும் தேநீர் குடித்தால் இழப்பு மிகுதி. ஒரு மணிநேரம் தள்ளிக் குடித்தால் குறைவு. இறைச்சி அரிதாகவும் மாதவிலக்கும் மகப்பேறும் மிகுந்தும் இருக்கும் உடலுக்கு இது சிறிய செய்தியன்று. சுறுசுறுப்புக்காகக் குடிக்கும் கட்டன் சாயாவே சோர்வின் ஒரு காரணமான இரத்தச் சோகைக்கும் துணைபோகக்கூடும்.

1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் 150 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் உணவகம் வேண்டும் என்றது. ஐந்து மணிநேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரைமணி ஓய்வு தரவேண்டும் என்றது. ஏற்றுமதிக்கு நல்ல இலை போகத் தென்னாட்டுக் கடைகளில் கொதித்தது பெரும்பாலும் 'டஸ்ட்' தரம். விரைவில் சாயம் இறங்கும். ஒரு கிலோவில் நிறையக் கோப்பைகள் கிடைக்கும். 'தேயிலைத்தூள்' என்ற தமிழ் வழக்கு அந்தத் தரத்தின் பெயரையே பண்டத்தின் பெயராக்கிவிட்டது.

2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண் தொழிலாளர்கள் சாலையில் அமர்ந்தார்கள். போனஸ் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்து எழுந்த 'பெம்பிளை ஒருமை' தொழிற்சங்கத் தலைவர்களை அருகில் விடவில்லை. 20 விழுக்காடு போனசும் 500 ரூபாய் நாட்கூலியும் கேட்டார்கள். அப்போதைய நாட்கூலி 232 ரூபாய். அதற்குக் கிள்ளவேண்டிய கொழுந்து 21 கிலோ. அட்டைக்கடியும் செங்குத்துச் சரிவும் பனியும் உள்ள இடத்தில் முதுகில் சுமந்தபடி அதைச் சேர்க்க வேண்டும். போனஸ் கோரிக்கை நிறைவேறியது. கூலி பற்றிய பேச்சு அக்டோபர் வரை நீண்டு, 301 ரூபாயில் முடிந்தது. அதே உடன்பாட்டில் கிள்ள வேண்டிய அளவு 25 கிலோவாக உயர்த்தப்பட்டது. வேலைநேரம் எட்டு மணியாகவே நின்றது.